டெலிபோர்ட் ஹீரோவை எந்த ஆட்டம் ஒழுங்காகக் கட்டிப்போடுகிறது?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடுகிற சூப்பர்ஹீரோ டேபிள்டாப் ஆட்டத்தில், ஆட்டத்தை நடத்துகிற ஜிஎம் (கேம் மாஸ்டர்) யாரைக் கேட்டாலும், மலையைத் தூக்குகிறவனால் தலைவலி இல்லை, இங்கே மறைந்து அங்கே முளைக்கிறவனால்தான் என்பார். உடனே எல்லோரும் கை வைப்பது தூரத்தில். என்னைக் கேட்டால் அது வீண்வேலை. எங்கள் திருநெல்வேலியில் ஜங்ஷனிலிருந்து டவுனுக்கு ஒரே தாவலில் போனால் போகட்டுமே, என்ன கெட்டுப்போச்சு? தாவி வந்து அடித்துவிட்டு வில்லன் திரும்புவதற்குள் மறுபடி மறைய முடிகிறதா, கூட எத்தனை பேரை இழுத்துக்கொண்டு போகலாம், கண்ணில் படாத இடத்துக்குள் நுழையலாமா, இந்த மூன்றில்தான் ஆட்டம் படுக்கும். அதை வைத்தே நாலு ஆட்டங்களைப் பார்ப்போம்.

முதலில் மியூட்டண்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ், 2011-ல் வந்த மூன்றாம் பதிப்பு. ஹீரோவை உருவாக்கும்போது சக்திகளைப் பாயிண்ட் கொடுத்து வாங்க வேண்டும். டெலிபோர்ட் ஒரு ரேங்குக்கு, அதாவது சக்தியின் ஒரு படிக்கு, 2 பாயிண்ட், பறக்கும் சக்திக்கும் அதே விலைதான். பவர் லெவல் (ஹீரோவின் ஒட்டுமொத்தப் பலத்தின் அளவு) 10 என்றால் ஹீரோவின் கையில் 150 பாயிண்ட் இருக்கும். அதில் 10 போட்டால் ரேங்க் 5, அதாவது ஒரு தாவலுக்கு 900 அடி. சுலோச்சன முதலியார் பாலத்தின் வண்ணார்பேட்டைப் பக்கம் நிற்கிறவன், தன் முறையில் நகர்வதற்கென்று இருக்கிற ஒரு மூவ் ஆக்‌ஷனில் ஜங்ஷன் பக்கம் நிற்பான். சரி, இதுவரை பிரச்சினை இல்லை. டர்ன்அபவுட் என்று ஒரு கூடுதல் வசதி இருக்கிறது, விலை வெறும் 1 பாயிண்ட். அதை வாங்கிவிட்டால் தாவி, அடித்து, மிச்சமுள்ள தூரத்தில் திரும்பத் தாவிவிடலாம். அதாவது 450 அடி தூரத்தில் பதுங்கி இருக்கிறவன் ஒவ்வொரு சுற்றிலும் வந்து குத்திவிட்டுப் போகலாம், வில்லன் தன் முறை வரும்போது காற்றைத்தான் அடிக்க வேண்டும். பவர் லெவல் உச்சவரம்பு தாக்குதலையும் தற்காப்பையும் பிடித்து வைக்கிறதே தவிர இந்த மாதிரி நகர்வுகளைத் தொடுவதில்லை. 150-ல் 1 பாயிண்டுக்கு இவ்வளவா என்று எனக்கு இன்னமும் ஆற மாட்டேன் என்கிறது.

இடம் விஷயத்திலும் இந்த ஆட்டம் முடிவை ஜிஎம் தலையில்தான் கட்டுகிறது. துல்லியமாகப் புலப்படுகிற இடம், இல்லையென்றால் ரொம்ப நன்றாகப் பழகிய இடம், அங்கே மட்டும் போகலாம் என்பது விதி. எது பழகிய இடம்? "அண்ணாச்சி, நான் ரதவீதியிலேயே பொறந்து வளந்தவன், டவுன்ல எனக்குத் தெரியாத சந்து இருக்கா?" என்று ஒரு பையன் ஆரம்பிப்பான். சந்து தெரியும் தம்பி, சந்துக்குள் இருக்கிற வீட்டின் மாடியறை தெரியுமா என்று திருப்பிக் கேட்க வேண்டியதுதான். நான் வைத்திருக்கிற அளவுகோல் லேசானது: கண்ணை மூடிக்கொண்டு அந்த அறையில் ஸ்விட்ச் எங்கே என்று கேரக்டரால் சொல்ல முடியுமா? முடிந்தால் போகலாம்.

எடைக் கணக்கில் மட்டும் இந்த ஆட்டத்துக்கு முழு மார்க். கூடவே 50 பவுண்ட்தான் கொண்டுபோகலாம், கிட்டத்தட்ட 23 கிலோ. தாமிரபரணியில் வெள்ளம் வந்து குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிக்கொண்டிருக்கிறது, மண்டபத்துக்கு மேலே ஒரு குடும்பம் ஏறி நிற்கிறது என்று காட்சி வைத்துப் பாருங்கள். ஹீரோ சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரைக்குத் தாவிவிடுவான், ஆச்சியைத் தூக்க முடியாது. கூடுதல் எடைக்கு ஒவ்வொரு ரேங்கும் 1 பாயிண்ட், இரண்டு ரேங்க் வாங்கினால் 200 பவுண்ட் வரும், அப்போது ஒரு தடவைக்கு ஒரு பெரியவர். யாரை முதலில் கூட்டிப்போவது என்ற கேள்வி தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும், ஜிஎம் மெனக்கெட வேண்டாம்.

இதற்கு நேர் எதிரி ஹீரோ சிஸ்டம், 1981-ல் சாம்பியன்ஸ் என்று தொடங்கிய பழைய வம்சம். 2009-ன் ஆறாம் பதிப்பில் ஒரு மீட்டருக்கு 1 பாயிண்ட், இங்கேயும் பறப்பதற்கும் அதே விலை. ஆனால் அடித்தால் உங்கள் ஃபேஸ், அதாவது உங்கள் முறை, அதோடு முடிந்தது. பாதி தூரம் தாவி அடிக்கலாம், அடித்த பிறகு அங்கேயேதான் நிற்க வேண்டும், அடுத்த ஃபேஸ் வரும்வரை வாங்குகிற அடியை வாங்கத்தான் வேண்டும். இந்த ஒரு விதி போதும், மியூட்டண்ட்ஸில் 1 பாயிண்டுக்கு விற்ற வித்தை இங்கே தானாக அடிபட்டுப்போகிறது. அதோடு தாவும்போதெல்லாம் சக்தியின் 10 பாயிண்டுக்கு 1 என்று எண்டியூரன்ஸ் (ஹீரோவின் தெம்பு) கரையும், தாவி இறங்கும்போது எழுந்து நிற்பதற்கோ திரும்பிக்கொள்வதற்கோ தனியாக 5 பாயிண்ட், எடையை இரட்டிக்கும் ஒவ்வொரு தடவைக்கும் இன்னொரு 5. நியாயமான ஆட்டம், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு சுற்றை 12 செக்மெண்டாகப் பிரித்து யார் எப்போது என்று அட்டவணை பார்த்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். புதுசாக வந்த இரண்டு பேர் போனை எடுத்துவிடுவார்கள்.

மாஸ்க்ஸ் வேறு ரகம். பதின்வயது ஹீரோக்கள், தூரம், எடை, பாயிண்ட் எதுவும் கிடையாது. சக்தியை அவிழ்த்துவிடும்போது இரண்டு ஆறுமுகப் பகடை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும், 7-லிருந்து 9 வரை வந்தாலும் நடக்கும், ஆனால் மனநிலை ஒன்று கெடும், இல்லாவிட்டால் அந்தத் தாவல் நிலையில்லாமல் போகும், எப்படி என்று ஜிஎம் சொல்வார். பாதியில் நிலையிழந்து பாலத்துத் தூணைப் பிடித்துத் தொங்குகிற பையனைக் காட்டுவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. கணக்குப் போட்டு ஜெயிக்க வருகிறவர்களுக்கு மட்டும் இது ஆகாது.

நாலாவது கர்ப்ஸ், எந்த வகைக் கதைக்கும் பொதுவான ஆட்டம், அதைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. டெலிபோர்ட்டுக்கு வார்ப் என்ற பெயரில் 100 பாயிண்ட், ஒவ்வொரு தாவலுக்கும் கேரக்டரின் புத்தி மதிப்பெண்ணான ஐக்யூவைத் தாண்டாமல் பகடை விழ வேண்டும், தயாராகாமல் உடனே தாவினால் அந்த மதிப்பெண்ணில் 10 குறையும். சண்டைக்கு நடுவே யாரும் துணிய மாட்டார்கள். துப்பறியும் கதைக்கு அருமை, சூப்பர்ஹீரோவுக்குச் சவசவ.

ஆக, ஒரு சாயங்காலத்தில் முடிக்கிற ஆட்டம் என்றால் மாஸ்க்ஸ் எடுங்கள். மாதக்கணக்கில் ஓடுகிற கதைக்கு நான் மியூட்டண்ட்ஸைத்தான் எடுப்பேன், ஹீரோ சிஸ்டத்தின் அந்த ஒரு விதியைத் திருடிச் சேர்த்துக்கொண்டு: டர்ன்அபவுட் விலைக்குக் கிடையாது; அடித்துவிட்டுத் திரும்பத் தாவ ஒவ்வொரு தடவையும் ஒரு ஹீரோ பாயிண்ட் (ஆட்டத்தின் நடுவே ஜிஎம் தருகிற போனஸ்) செலவழிக்க வேண்டும். அப்புறம் வில்லனின் அடியாட்களில் ஒருவனையாவது, தன் அடியை வைத்துக்கொண்டு காத்திருக்கிற ரெடி ஆக்‌ஷனில் நிறுத்துங்கள், ஹீரோ முளைத்தவுடன் அடிப்பதற்கு.