நான்கு பருவம் உழைத்த ஒரு பாஸ் தூண்டில் செட்: எது தேய்ந்தது, எது நின்றது

பேட்கேஸ்டர் ரீல் (வீசும்போது லைன் சுற்றிய உருளையான ஸ்பூலே சுழலும் வகை) வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, உள்ளே எத்தனை பேரிங் என்பதைத்தான். நான்கு பருவம், வாரத்துக்கு ஒரு நாளாவது தண்ணீரைப் பார்த்த ஒரு செட்டைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு இருக்கும் மதிப்பு குறைந்துவிடுகிறது. ரீலின் பெரிய பல்சக்கரம் புதிதுபோல இருக்கிறது. ராடின் (தூண்டில் கோலின்) உடம்பில் மேல்பூச்சைத் தாண்டிய கீறல் ஒன்றுகூட இல்லை. தேய்ந்ததெல்லாம் மீனுக்குப் பக்கத்தில் இருக்கும் சாமான்கள்: லைனின் (தூண்டில் நூலின்) கடைசி ஒரு மீட்டர், முள்ளின் முனை, ராடு நுனி வளையம், பிளாஸ்டிக் புழுவின் மூக்கு. கையில் வந்த மீன் தவறிப்போனதும் பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

செட் இதுதான். 7 அடி நீளம், மீடியம் ஹெவி பவர் (கொஞ்சம் கூடுதல் விறைப்பு), ஃபாஸ்ட் ஆக்‌ஷன் (நுனிப் பக்கம் வளையும் வகை) கொண்ட கார்பன் ராடு ஒன்று. அதன்மேல் 7.1:1 கியர் விகிதமுள்ள (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 7.1 சுற்று) லோ புரொஃபைல் பேட்கேஸ்டர். 5 கிராமுக்குக் குறைந்த லூர்களுக்கு (செயற்கை இரைகளுக்கு) ஒரு மீடியம் ஸ்பின்னிங் ராடும், வீசும்போது ஸ்பூல் சுழலாத 2500 அளவு ரீலும். இலக்கு லார்ஜ்மவுத் பாஸ் என்ற பெரிய வாய் நன்னீர் மீன். பெரும்பாலும் அரை கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரையுள்ள மீன்கள். களை, மூழ்கிய மரம், பாறை மூன்றும் கலந்த தண்ணீர்.

ரீல்

சிக்கு விழுவதைப் பற்றிப் புகார் சொல்லாத பேட்கேஸ்டர்காரர் கிடையாது. லைன் வெளியே போகும் வேகத்தைவிட ஸ்பூல் வேகமாகச் சுழன்றால் சிக்கு. இது இரண்டு சமயங்களில் நடக்கிறது. ஒன்று, வீசிய உடனே. ஸ்பூல் உச்ச வேகத்தைத் தொடும் கணம் அது. இன்னொன்று, லூர் தண்ணீரைத் தொடும் கணம்; லூர் நின்றுவிட்டது, ஸ்பூலுக்கு அது தெரியாது. சென்ட்ரிஃபூகல் (மையவிலக்கு) பிரேக் வேகம் கூடக்கூட அழுத்திப் பிடிக்கும் என்பதால் முதல் சிக்கலைப் பார்த்துக்கொள்கிறது. காந்தப் பிரேக்கின் பிடியை வீச்சின் பிற்பகுதியிலும் உணரலாம். தண்ணீரைத் தொடும் கணத்துக்குக் கட்டைவிரல்தான் பிரேக். எந்த விலை ரீலாக இருந்தாலும் அந்த விரலுக்கு ஓய்வு கிடையாது.

ஸ்பூல் டென்ஷன் திருகைப் பழக்கத்துக்கு இப்படி வைக்கலாம்: லூரை ராடு நுனியில் தொங்கவிட்டு, ஸ்பூலை விடுவிக்கும் கிளச்சை அழுத்தினால் அது மெதுவாக இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும். லூரின் எடை மாறினால் இதையும் மாற்ற வேண்டும். கை பழகிய பிறகு இந்தத் திருகை இறுக்கி வைப்பது வீச்சுத் தூரத்தைத் தின்கிறது. ஸ்பூல் பக்கவாட்டில் ஆடாத அளவுக்கு மட்டும் திருகிவிட்டு, மற்றதைப் பிரேக்கிடம் விடுவது நல்லது. எதிர்க்காற்று என்றால் பிரேக்கை இரண்டு படி கூட்டி, லூரைத் தாழ்வாக வீச வேண்டும்.

சிக்கு விழுந்துவிட்டால் நகத்தால் ஒவ்வொரு இழையாகக் கிளறாதீர்கள். கட்டைவிரலால் ஸ்பூலை நன்றாக அழுத்திக்கொண்டே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பிறகு கிளச்சைத் திறந்து லைனை இழுத்தால் முக்கால்வாசிச் சிக்குகள் விட்டுக்கொடுக்கும். ஆனால் ஃப்ளோரோகார்பன் லைன் என்றால் வேலை அதோடு முடியவில்லை. மடிந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். அது காயம். அந்த இடம் வரை வெட்டிப் போட மனசு வராதவர்கள்தான் அடுத்த வீச்சில் லூரையும் சேர்த்துப் பறக்கவிடுகிறார்கள்.

இந்த ரீலில் முதலில் குரல் கொடுத்தது லைனை இடவலமாக அடுக்கிக் கொடுக்கும் வார்ம் தண்டு. இரண்டாம் பருவத்தின் நடுவில் சுற்றும்போது கைப்பிடியில் மணல் அரைபடுவதுபோல ஒரு நறநறப்பு. மூடியைக் கழற்றிப் பார்த்தால், தண்டின் குறுக்குப் பள்ளங்களில் பழைய எண்ணெயும் பாசியும் மண்ணும் சேர்ந்து கருமையான களிம்பாக உறைந்திருந்தது. பஞ்சு சுற்றிய குச்சியால் பள்ளம் பள்ளமாகத் துடைத்து, ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் சத்தம் போய்விட்டது. நான்கைந்து முறை மீன்பிடிக்கப் போய்வந்தால் ஒரு சொட்டு என்று வைத்துக்கொண்டால் இது திரும்ப வராது.

எதை எங்கே போடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பெரிய பல்சக்கரத்துக்கு கிரீஸ். ஸ்பூல் பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய், அதுவும் ஊசி முனையில் ஒரு துளி. அதிகமானால் வீச்சு மந்தமாகும். பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ஒன்வே ரோலர் கிளச்சில் கிரீஸ் படவே கூடாது. பட்டால் உருளைகள் வழுக்கி, சரியாக மீனைச் சுண்டும் கணத்தில் கைப்பிடி பின்னால் போகும். கழுவும்போது ரீலை அழுத்தமான தண்ணீர்ப் பாய்ச்சலில் காட்டுவதும் தவறு; மேலே இருக்கிற மண்ணை உள்ளே தள்ளும் வேலை அது. ஈரத்துணி போதும்.

மீன் இழுக்கும்போது லைனை நழுவவிடும் டிராக்கைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். பெட்டியில் 10 கிலோ டிராக் என்று அச்சிட்டிருந்தால் மயங்க வேண்டாம். 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் அதைச் சமன் செய்தது. உலகச் சாதனையே அவ்வளவுதான். நமக்கு வேண்டியது உச்ச அளவல்ல, டிராக் தயங்காமல் நழுவத் தொடங்குவது. லைன் பலத்தில் 25 முதல் 30 சதவீதம் பொது அளவு. 12 பவுண்டு லைனுக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ. கையால் இழுத்து உத்தேசமாகச் சொல்லாமல் ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்துப் பாருங்கள். தராசின் முள் வெட்டி வெட்டி நகர்ந்தால் டிராக் வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் டிராக்கைத் தளர்த்தாமல் மாதக்கணக்கில் இறுக்கியே வைத்தால் இப்படி ஆகும். அடர்ந்த களையில் 40, 50 பவுண்டு பிரெய்டு (பின்னல் லைன்) போடும்போது மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மீனை உடனே மேலே தூக்காவிட்டால் களைக்குள் புதைந்துவிடும், டிராக்கை நன்றாகவே இறுக்கலாம்.

லைன்

செலவும் கவனமும் அதிகம் கேட்டது இதுதான். மூன்று வகையும் மாறி மாறி ஓடின.

நைலான் மோனோ (ஒற்றை இழை லைன்) நிறைய நீளும். அதனால் மேற்பரப்பில் ஓடும் லூர்களுக்கு நல்லது. பாஸ் வாயைத் திறந்து லூரை உறிஞ்சும்போது கொஞ்சம் இடம் கொடுக்கும். தண்ணீரையும் வெயிலையும் குடித்து வலுவிழக்கும் என்பதால் ஒரு பருவத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஃப்ளோரோகார்பன் தண்ணீரில் மூழ்கும், பாறை உரசலைத் தாங்கும், தண்ணீருக்குள் கண்ணில் அதிகம் படாது. குறை என்னவென்றால் ஸ்பூலின் வளைவை ஞாபகம் வைத்துக்கொண்டு சுருள் சுருளாக வரும். முடிச்சும் சீக்கிரம் சூடாகிக் கருகும். பிரெய்டு நீளவே நீளாது, மிதக்கும், களையை அறுக்கும். ஆனால் தெளிந்த தண்ணீரில் பளிச்சென்று தெரியும், கூரான பாறை விளிம்பில் பட்டென்று அறும்.

நான்கு பருவத்தையும் தாண்டி நின்றது பிரெய்டு மட்டுமே. சாயம் வெளுத்தது, பலம் குறையவில்லை. இரண்டாம் பருவ முடிவில் முழுவதையும் உருவி, தலைகீழாகத் திருப்பிச் சுற்றியதால் உள்ளே இருந்த புது லைன் மேலே வந்தது. பிரெய்டை நேரடியாக ஸ்பூலில் கட்டினால் வழவழப்பான உலோகத்தில் மொத்தச் சுற்றும் சேர்ந்து வழுக்கும். டிராக் கெட்டுவிட்டதோ என்று ரீலைப் பிரிக்கிறவர்கள் உண்டு. அடியில் பத்து மீட்டர் மோனோ சுற்றிவிட்டு அதன்மேல் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. தளர்வாகச் சுற்றினாலும் வம்பு. பெரிய மீன் இழுக்கும்போது மேல் இழை அடிச் சுற்றுகளுக்குள் புதைந்து, அடுத்த வீச்சு பாதியில் நின்றுவிடும். ஈரத்துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே சுற்றுங்கள்.

பாஸுக்குக் கூரான பல் கிடையாது. உதட்டை விரலால் தடவினால் உப்புத்தாள்போல சொரசொரக்கும். இரண்டு நிமிடப் போராட்டத்தில் அந்தச் சொரசொரப்பு லைனின் கடைசி அரை மீட்டரைச் சுரண்டியெடுக்கிறது. ஒவ்வொரு நல்ல மீனுக்குப் பிறகும், மரத்தில் மாட்டி விடுபட்ட பிறகும், அந்தப் பகுதியை இரு விரல் நடுவில் மெதுவாக உருவிப் பாருங்கள். சின்னச் சொரசொரப்புத் தட்டினாலும் வெட்டி, புது முடிச்சுப் போடுங்கள். முடிச்சு பாலோமார், பிரெய்டுக்கும் ஃப்ளோரோவுக்கும் இரண்டுக்கும் பொருந்தும். இறுக்குவதற்கு முன் நாக்கில் நனைத்து, குறுக்கே ஏறிய இழை இல்லை என்று பார்த்து, மெதுவாக இழுக்க வேண்டும். வறண்ட ஃப்ளோரோவைச் சட்டென்று இழுத்தால் முடிச்சுக்கு மேலே பூனைமீசைபோலச் சுருண்டு நிற்கும். அது கருகிய அடையாளம், அப்போதே வெட்டிவிடலாம்.

ஸ்பின்னிங் செட்டில் 10 பவுண்டு பிரெய்டும், இரண்டு மீட்டர் 8 பவுண்டு ஃப்ளோரோ லீடரும் (முன்துண்டும்). இணைப்புக்கு டபுள் யூனி முடிச்சு எளிது, ஆனால் வளையங்களில் டக்கென்று தட்டும். எஃப்ஜி முடிச்சு வழுக்கிக்கொண்டு போகும். கற்றுக்கொள்ள ஒரு மாலை முழுவதும் செலவிடலாம், தப்பில்லை. லைன் முறுக்குக்குப் பெரிய காரணம் கைப்பிடியைச் சுற்றி பெயிலை (லைனைப் பிடிக்கும் கம்பி வளைவை) மூடும் பழக்கம். கையால் மூடி, லைனை ஒரு இழு இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றினாலே பாதி முறுக்கு வராது.

ராடு

ஒரு பழுது மட்டும்: நுனி வளையத்தின் பீங்கான் உள்வளையத்தில் முடியளவு விரிசல். கண்ணுக்குத் தெரியவில்லை. புது ஃப்ளோரோ லைன் காரணமே இல்லாமல் அறுந்துகொண்டிருந்தது. பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுழற்றியபோது நுனியில் மட்டும் இழை மாட்டியது. மாதம் ஒருமுறை இப்படிப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். லைன் மட்டமானது என்று கம்பெனியைத் திட்டுவதற்கு முன் பஞ்சைப் பயன்படுத்துங்கள்.

ராடு உடைவது பெரும்பாலும் மீன் இழுத்து அல்ல. கரைக்கு வந்த மீனின் தலைக்கு மேல் ராடைச் செங்குத்தாகத் தூக்கி, முழுச் சுமையையும் நுனிமேல் ஏற்றும்போதுதான். பிரெய்டு நுனியைச் சுற்றிக்கொண்டது தெரியாமல் வீசுவதும் அதே கதை.

முள், புழு, லூர்

டெக்சஸ் ரிக்கில் (முள் முனையைப் புழுவுக்குள் மறைத்துக் கட்டும் முறையில்) 7 கிராம் புல்லட் வடிவ எடை, 3/0 அகல வளைவு ஆஃப்செட் முள், 7 அங்குலப் புழு. பாஸுக்கு இதைவிடப் பாடம் சொல்லும் ரிக் இல்லை. முள் முனையை மூக்கில் 6 மில்லிமீட்டர் இறக்கிப் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். கண் பகுதி மூக்குக்குள் போகும்வரை இழுத்து, முள்ளைத் திருப்புங்கள். புழுவை முள்ளின் அருகே நேராகத் தொங்கவிட்டு, வளைவின் அடிப்பகுதி எங்கே படுகிறது என்று நகத்தால் குறி வையுங்கள். அந்த இடத்தில் நேராகக் குத்தி வெளியே எடுத்து, முனையைத் தோலுக்கடியில் லேசாகச் செருகுங்கள். புழு துளி வளைந்திருந்தாலும் தண்ணீரில் பம்பரமாகச் சுழன்று லைனை முறுக்கும். மூக்கு கிழிந்தால் தூக்கி எறிய வேண்டாம். கிழிந்த 6 மில்லிமீட்டரை நறுக்கிவிட்டு மறுபடி ஏற்றலாம். வாக்கி ரிக்கில் நடுவே ரப்பர் வளையம் போட்டு அதற்கடியில் முள்ளைச் செருகினால் ஒரு புழு பல மீனுக்கு வரும்.

எடைக்கு டங்ஸ்டன் போட்டது வீணாகவில்லை. ஈயத்தைவிடச் சிறிதாக இருப்பதால் களைக்குள் எளிதில் இறங்குகிறது. கடினம் என்பதால் கல்லில் பட்டால் டக்கென்று ராடில் கேட்கிறது, சேறு என்றால் இழுபடுவதுபோல இருக்கிறது. ஆனால் துளையின் விளிம்பு கூராக இருந்தால் அதே எடை லைனை அறுக்கும். பழைய லைன் துண்டை உள்ளே விட்டு நாலைந்து முறை இழுத்துச் சோதித்த பிறகே கட்டுங்கள்.

கிராங்க்பெயிட் (சுற்றும்போது முங்கி ஆடிவரும் மீன் வடிவ லூர்) இந்த ராடுக்குப் பொருந்தாத வேலை. விறைப்பான ஃபாஸ்ட் ராடில் சின்ன மும்முள் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வருகிறது. மீன் குதித்துத் தலையை உதறினால் முடிந்தது. மிதமாக வளையும் ராடும் 5.4 அல்லது 6.3 விகித ரீலும் இருந்தால், சுண்டாமல் சுற்றிக்கொண்டே சாய்ந்தாலே முள் ஏறும். ஓடும்போது கிராங்க் வலப்பக்கம் விலகினால் முன்னாலுள்ள கம்பிக் கண்ணை இடுக்கியால் இடப்பக்கம் மயிரிழை வளையுங்கள். ஒரே தடவையில் நிறைய வளைத்தால் கண் ஆடிப்போய்த் தண்ணீர் உள்ளே இறங்கும். மும்முள்ளை மாற்றும்போது அதே எடை உள்ளதைப் போடாவிட்டால் மிதக்கும் லூர் மூழ்க ஆரம்பிக்கும்.

முள்ளின் கூர்மைக்கு நகம்தான் சோதனை. முனையை நகத்தில் சாய்த்து இழுத்தால் கீறிக்கொண்டு நிற்க வேண்டும். வழுக்கினால் மாற்றுங்கள். பாறை அதிகமுள்ள நாளில் ஒரே நாளில் இரண்டு முள் மழுங்குகிறது.

சாமான் பெட்டியில் நடந்த நாசம் தனி. மென்பிளாஸ்டிக் புழுக்களைக் கடினமான பிளாஸ்டிக் பெட்டியில் நேரடியாகப் போட்டால், புழுவிலுள்ள மென்மையாக்கும் எண்ணெய் பெட்டியையே இளக்கிப் பசையாக்கும். நீண்டு மீளும் வகைப் புழுக்களைச் சாதாரணப் புழுக்களோடு சேர்த்துவைத்தால் இரண்டும் உருகி ஒன்றாகும். ஒவ்வொன்றும் அதனதன் பையிலேயே இருக்கட்டும். நனைந்த ஒரே ஒரு லூரை மூடிய பெட்டியில் வைத்தால், ஒரு வாரத்தில் பக்கத்திலுள்ள பத்து லூரின் முள்ளிலும் துரு ஏறிவிடும். வந்த அன்றே மூடியைத் திறந்து ஒரு இரவு உலரவிடுவதுதான் வழி.

இதே செட்டை மறுபடி வாங்குவதென்றால் ரீலில் ஒரு படி கீழே இறங்கி, மிச்சத்தில் மாற்று ஸ்பூல் ஒன்று, நல்ல முள் இரண்டு பாக்கெட், ஸ்பிரிங் தராசு ஒன்று. மாற்று ஸ்பூலில் 12 பவுண்டு ஃப்ளோரோ, முதல் ஸ்பூலில் 40 பவுண்டு பிரெய்டு. தெளிந்த தண்ணீருக்கும் களைக்கும் ஒரே ரீல் போதும்.