கோர் எஸ்.ஓ.டி.பி: இங்கிலாந்துச் சிறைகளின் பாலியல் குற்றவாளிச் சிகிச்சை, 5க்கு 1.5

கடைக்கோ போனுக்கோ விமர்சனம் எழுதுவது சுலபம், காசு கொடுத்தவரும் பயன்படுத்தியவரும் ஒரே ஆள். இதில் அப்படி இல்லை. வகுப்பில் உட்காருவது கைதி, காசு கட்டுவது பொதுமக்கள், சரக்கு சரியில்லை என்றால் அடிபடப்போவது யாரென்றே தெரியாத ஒரு பெண்ணோ குழந்தையோ. அந்த மூன்றாவது ஆளின் பக்கம் நின்றுதான் மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்து 2017 மார்ச்சில் நிறுத்தப்பட்ட திட்டம் இது. சிறிய குழுவாக உட்கார வைத்து, சுமார் 180 மணி நேரம், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பயிற்சி. நடத்துபவர்கள் எல்லோரும் உளவியலாளர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சிறை அலுவலர்களும் நடத்தினார்கள். முக்கிய அயிட்டம் என்னவென்றால், தான் செய்ததைக் குழு முன்னால் விவரமாகச் சொல்ல வேண்டும், அப்புறம் பாதிக்கப்பட்டவரின் இடத்தில் தன்னை வைத்து நடித்துக் காட்ட வேண்டும். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. செய்த பாவம் உறைத்தால் மறுபடி செய்யமாட்டான் என்று நாம் எல்லோருமே நம்புகிறோம்.

சரி, வேலை செய்ததா? 2017 ஜூன் 30 அன்று நீதி அமைச்சகமே ஓர் ஆய்வை வெளியிட்டது. சிகிச்சை பெற்ற 2,562 பேரை, பெறாத 13,219 பேரோடு ஒப்பிட்டார்கள், சராசரியாக 8 வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். மறுபடி பாலியல் குற்றம் செய்தவர்கள்: சிகிச்சை பெறாதவர்களில் 8 சதவீதம், பெற்றவர்களில் 10 சதவீதம். குழந்தைகளின் ஆபாசப் படக் குற்றங்களில் பெறாதவர்கள் 2.9 சதவீதம், பெற்றவர்கள் 4.4. அதாவது மருந்து சாப்பிட்டவர்கள்தான் கொஞ்சம் கூடுதலாகக் கெட்டிருக்கிறார்கள்.

இதைப் பிடித்துக்கொண்டு ‘சிகிச்சைதான் கெடுத்தது’ என்று கத்துவதும் தப்பு. யாருக்குச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை இல்லை இது, பதிவேட்டில் ஒத்துப்போகும் ஆட்களைத் தேடி ஒப்பிட்டது. மனசுக்குள் இருக்கும் விபரீத ஆசையின் அளவு எந்தப் பதிவேட்டிலும் முழுசாக இருக்காது, ஆய்வாளர்களே இதை ஒத்துக்கொள்கிறார்கள். வித்தியாசமும் சின்னதுதான். ஆனால் 180 மணி நேரம் செலவழித்த பிறகு ‘பெரிதாகக் கெடுக்கவில்லை’ என்பது ஒரு பாராட்டா? குழுவாக உட்கார்ந்து ஒருவர் கதையை ஒருவர் கேட்டதில் குற்றமே சகஜமாகிப் போயிருக்கலாம் என்பது அறிக்கை சொல்லும் காரணங்களில் ஒன்று. எனக்கு அது நம்பும்படியாக இருக்கிறது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். முறையாகக் குலுக்கிப் பிரித்துச் சோதிக்கலாமே என்றால் இந்தத் துறையில் ஒரு பதில் ரெடியாக இருந்தது: பாதிப் பேருக்குச் சிகிச்சை கொடுக்காமல் வைப்பது அறமில்லையாம். பலிக்குமா என்று தெரியாததை ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுப்பது மட்டும் அறமா? கலிபோர்னியாவில் அட்டஸ்கடேரோ அரசு மருத்துவமனையில் 1985இலேயே அப்படிக் குலுக்கிப் பிரித்துச் சோதனை ஆரம்பித்தார்கள், 2005இல் வந்த இறுதி முடிவில் இரண்டு தரப்புக்கும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. இங்கிலாந்திலும் 2003இல் வந்த ஆய்வில், பாலியல் குற்றத்தையும் வன்முறையையும் சேர்த்துப் பார்த்தால்தான் பலன் தெரிந்தது, பாலியல் குற்றத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் பிடிமானமாக எதுவும் இல்லை. எச்சரிக்கை மணி அடித்தும் கடையை மூடவில்லை.

கைதி பக்கமும் ஒரு அநியாயம் உண்டு (அவனுக்காகப் பரிதாபப்படச் சொல்லவில்லை). வகுப்பில் சேருவது கட்டாயமில்லை என்பார்கள், ஆனால் சேராதவனுக்கு, விடுதலையை முடிவு செய்யும் பரோல் வாரியத்தின் முன்னால் காட்ட என்ன இருக்கும்? குற்றத்தை மறுப்பவனுக்கு வகுப்பிலேயே இடமிருக்கவில்லை. அப்பீலில் இருக்கும் ஒருவன் நிஜமாகவே நிரபராதியாக இருந்தால் அவன் கதி என்ன? வெளியே போகும் கதவுக்குச் சாவி மாதிரி ஒரு வகுப்பைத் தொங்கவிட்டால், திருந்தியவன் யார், திருந்தியவன் மாதிரி பேசக் கற்றுக்கொண்டவன் யார் என்று எப்படிப் பிரிப்பது?

இதற்குப் பதிலாக வந்தவை ஹொரைசன், கைசன் என்ற இரண்டு திட்டங்கள். இவற்றில் பழைய குற்றத்தைக் கிளறுவது குறைவு, இனி எப்படி வாழ்வது என்பதில்தான் கவனம், ஹொரைசனில் மறுப்பவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். வடிவம் பரவாயில்லை, ஆனால் நட்சத்திரம் மறுகுற்றக் கணக்கைப் பார்த்துத்தான் போடுவேன்.

மாற்று கேட்பவர்களுக்கு என் சிபாரிசு, 1994இல் கனடாவின் ஹாமில்டனில் ஒரு மென்னனைட் கிறிஸ்தவ சபையில் ஆரம்பித்த ‘சர்க்கிள்ஸ்’. விடுதலையான ஆளைச் சுற்றி நாலைந்து தன்னார்வலர்கள். வீடு, வேலைக்கு உதவுவார்கள், தடுமாறினால் கண்டிப்பார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் இதைக் குலுக்கல் முறையிலேயே சோதித்தார்கள், மறு கைது நன்றாகவே குறைந்தது. 100 பேர்தான், சின்னச் சோதனை, அதனால் துள்ளிக் குதிக்க வேண்டாம்.

கோர் எஸ்.ஓ.டி.பி.க்கு ஒரு நட்சத்திரம், மோசமான முடிவைப் பூட்டி வைக்காமல் பிரசுரித்ததற்கு இன்னொரு அரை. அதுவும் கடையை மூடிய பிறகுதான் வெளியே வந்தது, இல்லையென்றால் முழுசாகவே கொடுத்திருப்பேன்.