ட்ரிகர் வெண்ணெய் மாதிரி இருக்குங்க, சரி, வெடிக்குமா?

நான் இருக்குறது அமெரிக்காவுல. போன வாரம் கன்ஸ்மித்கிட்ட (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) இருந்து என்னோட 642 ரிவால்வர் திரும்பி வந்துச்சு. அதே வாரம் கிரீன் கார்டு வந்த கையோட நண்பர் ஒருத்தர் மெசேஜ் போட்டார், "பாஸ், பாக்கெட்ல வெச்சுக்குற மாதிரி ஒரு ரிவால்வர் பாத்திருக்கேன், செகண்ட் ஹேண்ட்தான், ஆனா ட்ரிகர் ஜாப் எல்லாம் பண்ணி வெச்சிருக்காங்களாம், தூக்கிடலாமா"ன்னு. ட்ரிகர் ஜாப்னா ட்ரிகரை லேசா, வழவழன்னு இழுக்குற மாதிரி உள்ள வேலை பாக்குறது. அவருக்கு ரெண்டு வரியில பதில் போடலாம்னுதான் ஆரம்பிச்சேன், கோவத்துல நீண்டு போச்சு, அதனால பொதுவாவே எழுதிடுறேன்.

ஸ்பெக் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், .38 ஸ்பெஷல், அஞ்சு ரவுண்டு, அலுமினியம் ஃப்ரேம், தோட்டாவை அடிச்சு வெடிக்க வைக்கிற ஹேமர் உள்ளயே மறைஞ்சிருக்கும் அதனால பாக்கெட்ல இருந்து உருவும்போது துணியில மாட்டாது. ஜே ஃப்ரேம்னு சொல்ற அவங்களோட சின்ன சைஸ் ரிவால்வர்ல இந்த ஹேமர் மறைஞ்ச டிசைன் 1952ல கம்பெனியோட நூறாவது வருஷத்துக்கு வந்தது, அதனாலதான் சென்டினியல்னு கூப்பிடுறாங்க. இதெல்லாம் எங்க வேணா கிடைக்கும். நான் பேசப்போறது ட்ரிகர் ஒண்ணைப் பத்தி மட்டும்தான்.

நான் வாங்கும்போதே இதுவும் செகண்ட் ஹேண்ட்தான். கடைக்காரர் கவுன்டர் மேல வெச்சு "இழுத்துப் பாருங்க சார், ட்ரிகர் வெண்ணெய் மாதிரி இருக்கும், முன்னாடி வெச்சிருந்தவர் காசு செலவு பண்ணி வேலை பாத்திருக்கார்"னார். நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சு. ஃபேக்டரியில இருந்து வர்ற ஜே ஃப்ரேம்ல டபுள் ஆக்‌ஷன் ட்ரிகர், அதாவது ஒரே இழுப்புல ஹேமரைப் பின்னாடி தள்ளி விட்டும் விடுற ட்ரிகர், இழுக்க சுமாரா 12 பவுண்டு, அதாவது அஞ்சரை கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. துப்பாக்கி வெயிட்டே 14.4 அவுன்ஸ்தான், 400 கிராம் சொச்சம். தன்னோட வெயிட்டைப் போல பதிமூணு மடங்கு பலம் போட்டு இழுக்க வேண்டிய ஒரு சாமான், இழுக்கும்போதே குறி ஆடாம இருந்தாத்தான் ஆச்சரியம். அப்படி இருக்குறப்போ ஏழெட்டு பவுண்டுல சர்ருன்னு போற ட்ரிகரை இழுத்துப் பாத்தா யாருக்குத்தான் ஆசை வராது.

ரொம்ப நாள் ஒரு பிரச்சனையும் இல்ல. அதையும் நேர்மையா சொல்லணும். ஃபெடரல் பிராண்ட் ரவுண்டு போட்டா எல்லாமே வெடிச்சுது, ஏழு கஜத்துல குரூப் (குண்டு பட்ட ஓட்டைங்க) நல்லா டைட்டா விழுந்துச்சு, ரேஞ்சுல பக்கத்து லேன்காரர் எல்லாம் வாங்கி இழுத்துப் பாத்துட்டு "அடடே"ன்னாங்க. எனக்கும் பெருமைதான்.

அப்புறம் 2020 வந்துச்சு. இங்க இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், கடையில டாய்லெட் பேப்பர் காணாம போன கொஞ்ச நாள்ல தோட்டாவும் காணாம போச்சு, டாய்லெட் பேப்பர் திரும்பி வந்துருச்சு ஆனா .38 ஸ்பெஷல் வரல. 2021 முழுக்க அதே கதைதான், இருக்குற பிரைமரை (தோட்டாவோட பின்பக்கம் ஹேமர் அடி பட்டதும் பத்திக்கிற சின்ன மூடி) எல்லாம் 9 எம்எம் தோட்டா பண்ணவே திருப்பிவிட்டாங்க, .38 ஷெல்ஃப் காலியாவே கெடக்கும். எவன் கையில என்ன பிராண்ட் இருக்கோ அதை வாங்கிட்டு வர வேண்டியதுதான். நானும் ஒரு பெட்டி அப்படி வாங்கிட்டு வந்து ரேஞ்சுல போட்டு இழுத்தா, டிக்.

வெடிக்கல. டிக்னு மட்டும் சத்தம்.

துப்பாக்கியை டார்கெட் பக்கமே காட்டிக்கிட்டு அரை நிமிஷம் நின்னேன், லேட்டா வெடிக்கிற ரவுண்டா இருந்தா அப்படித்தான் நிக்கணும். அப்புறம் சிலிண்டரைத் திறந்து அந்த ரவுண்டை எடுத்து, முன்னாடி ஃபெடரல்ல வெடிச்ச ஒரு காலி கேஸையும் பக்கத்துல வெச்சு போன் டார்ச்ல பாத்தேன். வெடிச்சதுல பிரைமர் நடுவுல நல்ல ஆழமா வட்டமா ஒரு குழி. வெடிக்காததுல தொட்டுப் பாத்தாக்கூட தட்டுப்படாத அளவுக்கு ஒரு சின்ன அழுத்தம், அவ்வளவுதான். அதே ரவுண்டைத் திரும்பப் போட்டு இழுத்தா டமால்னு வெடிக்குது. இதுதான் முக்கியமான விஷயம், கவனிச்சுக்கோங்க, ரெண்டாவது அடியில வெடிச்சா தோட்டா செத்த தோட்டா இல்ல, அடி பத்தல. சில சமயம் பிரைமர் முழுசா உள்ள உக்காராம இருந்து, முதல் அடி அதை உக்கார வைக்கவே செலவாயிருக்கலாம், ஆனா அதுவும் இதே கணக்குதான், ஸ்ப்ரிங் வலுவா இருந்தா அந்தக் குறையையும் சேத்து முழுங்கிட்டு வெடிக்க வெச்சிருக்கும். அந்தப் பெட்டியில அது ஒண்ணு மட்டும் இல்ல, நடுநடுவுல வந்துக்கிட்டே இருந்துச்சு.

ஏன்னு யோசிச்சா ரொம்ப சிம்பிள். கிளாக் மாதிரி பிஸ்டல்ல ஸ்லைடு (மேல நகர்ற பாகம்) பின்னாடி போயிட்டு வரும்போதே பாதி வேலையை முடிச்சு வெச்சிரும், மிச்சத்தைத்தான் விரல் இழுக்குது. டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்ல அப்படி யாரும் உதவிக்கு வர மாட்டாங்க. நம்ம விரல் இழுக்குற இழுப்புதான் மெயின் ஸ்ப்ரிங்ல போய் சேருது, அதுதான் ஹேமரா வந்து பிரைமர்ல அடிக்குது, போதாக்குறைக்கு அதே இழுப்புதான் சிலிண்டரையும் சுத்தணும். விரலுக்கு சலுகை குடுத்தா பிரைமருக்குக் கொறையும். வேற எங்க இருந்தும் சக்தி வராது. கடையில விக்கிற கிட்டுல மெயின் ஸ்ப்ரிங், ரீபவுண்ட் ஸ்ப்ரிங் ரெண்டையும் வலு கம்மியா குடுத்துட்டு "ஸ்மூத்"னு எழுதியிருக்காங்க. ஸ்மூத் வேற, லைட் வேற சாமி.

ரீபவுண்ட் ஸ்ப்ரிங் பத்தி யாரும் பேசுறதில்ல, எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். ட்ரிகரை விட்டதும் அதை முன்னாடி தள்ளுறது அந்த ஸ்ப்ரிங்தான். அதை வலு கம்மியாக்கினா இழுக்க சுகமாத்தான் இருக்கும், ஆனா திரும்பி வரும்போது ஆற அமர வருது. மெதுவா சுடும்போது தெரியாது. வேகமா ரெண்டு மூணு சுட்டா விரல் முன்னாடி போயிருது, ட்ரிகர் இன்னும் பாதி வழியில நிக்குது, அங்கயே மறுபடி இழுத்தா ஒண்ணு அப்படியே கட்டையா நிக்குது, இல்ல சிலிண்டர் மட்டும் ஒரு அறை தாண்டிப் போயிருது. பயத்துல கை நடுங்குற நேரத்துல இப்படி ஆனா என்ன பண்ணுவீங்க? அஞ்சு ரவுண்டுல ஒண்ணு வெடிக்காம ஒண்ணு தாண்டிப் போனா கையில மூணுதான்.

இதைச் சொன்னா உடனே வர்ற பதில், "ஃபெடரல் மட்டும் போடுங்க தலைவா, அவங்க பிரைமர்தான் இருக்குறதுலயே சாஃப்ட், சிசிஐ பிராண்ட் எல்லாம் கெட்டி." அது உண்மைதான், மறுக்கல. போட்டிக்குப் போறவங்க அதைத்தான் பண்றாங்க, ட்ரிகரை அடிமட்டத்துக்குக் கொறைச்சு, ஃபெடரல் பிரைமரை அவங்களே கையால நல்லா ஆழமா உக்கார வெச்சு லோடு பண்ணி சுடுவாங்க. போட்டி ரிவால்வர் சுடுறதுல பேர் போன ஜெர்ரி மிகுலெக் 1999ல ஆறு ரவுண்டு ரிவால்வர்ல ஆறும் சுட்டு, ரீலோட் பண்ணி, மறுபடி ஆறு சுட்டு முடிச்ச மொத்த நேரம் 2.99 செகண்ட், அந்த மனுஷனோட திறமையை யாரு கொறை சொல்ல முடியும். ஆனா போட்டியில டிக்னு கேட்டா ஸ்கோர்தான் போகும். ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுக் கதவை ஒடைச்சுக்கிட்டு ஒருத்தன் வரும்போது கேட்டா? அதுவும் ஒரே ஒரு பிராண்டை மட்டும் தின்னுற துப்பாக்கியை வெச்சுக்கிட்டு அந்த பிராண்ட் ஒரு வருஷமா கடையிலயே இல்லன்னா நான் என்ன, தோட்டா ஃபேக்டரி வாசல்ல போய் உக்காந்திருக்கணுமா?

கோர்ட் விஷயம் ஒண்ணும் இருக்கு. 1982 டிசம்பர்ல மயாமியில ஒரு வீடியோ கேம் ஆர்கேட்ல லூயிஸ் அல்வாரெஸ்ங்கிற போலீஸ்காரர் சுட்டு ஒரு இளைஞர் செத்துப்போனார், அதுக்கப்புறம் அங்க பெரிய கலவரமே நடந்துச்சு. ஹேமரை காக் பண்ணி, அதாவது விரலால முன்கூட்டியே பின்னாடி இழுத்து நிறுத்தி வெச்சிருந்து லேசான ட்ரிகர்ல தெரியாம வெடிச்சிருச்சுங்கிற மாதிரி ஒரு வாதம் அந்தக் கேஸ்ல வந்துச்சு. 1984ல ஜூரி அவரை விடுதலை பண்ணிட்டாங்க, ஆனா மயாமி போலீஸ் ரிவால்வரை எல்லாம் காக் பண்ண முடியாத மாதிரி டபுள் ஆக்‌ஷன் மட்டும்னு மாத்திட்டாங்க. 642ல ஹேமரை காக் பண்ணவே முடியாது, அதனால நேரடியா நமக்கு அது பொருந்தாது. ஸ்ப்ரிங் மாத்துறது சட்டப்படி குத்தமும் இல்ல. இருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் "ஃபேக்டரி குடுத்த ட்ரிகரை ஏன் சார் கொறைச்சீங்க"ன்னு ஜூரி முன்னாடி கேட்டா அதுக்கு ஒரு நல்ல பதிலை யோசிச்சு வெச்சுக்கோங்க, எனக்குத் தோணல. நியூயார்க் போலீஸ் கிளாக்குக்கு மாறினப்போகூட வேணும்னே 12 பவுண்டு ட்ரிகர் போட்டுத்தான் பல வருஷம் குடுத்தாங்க, அதனால அவங்க குறி தப்புதுன்னு திட்டினவங்களும் உண்டு, அது தனிக் கதை.

சரி, ரிப்பேருக்கு வருவோம். வேற ஒரு கன்ஸ்மித், வயசானவர், சைடு பிளேட்டைத் திறந்து பாத்துட்டு முதல்ல பாராட்டினார். உள்ள ரீபவுண்ட் ஸ்லைடையும் அது உரசுற இடத்தையும் பாலிஷ் பண்ணின வேலை சுத்தமாம், மேல இருக்குற கடினமான தோலைத் தாண்டித் தேய்க்கலயாம், தேய்ச்சிருந்தா பார்ட்டே போயிருக்கும்னார். அதை அப்படியே விட்டுட்டு ரெண்டு ஸ்ப்ரிங்கையும் மட்டும் ஃபேக்டரி ஸ்ப்ரிங்கா மாத்திக் குடுத்தார். ரெண்டும் சேத்து ஒரு பீட்சா காசுகூட ஆகல, அவர் கூலிதான் அதிகம். அப்போ பழைய ஆளு பண்ணினதுல பாதி நல்ல வேலை, பாதி வினை, ரெண்டையும் ஒண்ணா சேத்து ட்ரிகர் ஜாப்னு ஒரே பேர்ல வித்திருக்காங்க.

இப்போ எப்படி இருக்குன்னா, கனமா இருக்கு. சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் கரகரப்பு இல்ல, ஒரே சீரா போகுது. ட்ரிகர் திரும்பி வரும்போது விரலைத் தள்ளிக்கிட்டு வருது, அது எனக்கு எதிர்பாராத சந்தோஷம், இவ்வளவு நாள் இதைத்தான் இழந்திருந்தேன்னு அப்பத்தான் புரிஞ்சுது. குரூப் கொஞ்சம் விரிஞ்சுதான் போச்சு, ஏழு கஜத்துல உள்ளங்கை அகலம் வருது, போதும். தினமும் வீட்டுல தோட்டாவை எல்லாம் வேற ரூம்ல வெச்சுட்டு, சிலிண்டரை ரெண்டு தடவை பாத்துட்டு, ஸ்னாப் கேப் (வெடிக்காத டம்மி ரவுண்டு) போட்டு கொஞ்ச நேரம் இழுத்துப் பழகுறேன். கெட்டி பிரைமர்னு பேர் வாங்கின பிராண்ட், மிச்சம் இருந்த அந்தப் பழைய பெட்டி, ரேஞ்சுல யாரோ குடுத்த பேர் தெரியாத ரவுண்டு, எதைப் போட்டாலும் வெடிக்குது. டிக் சத்தமே இல்ல.

வீட்டம்மா இழுத்துப் பாத்துட்டு "ஏங்க, இதை நீங்களே வெச்சுக்கோங்க, எனக்கு வேற பாருங்க"ன்னு சொல்லிட்டாங்க. நியாயம்தான். ரெண்டு விரல் வெச்சு இழுத்தும் அவங்களுக்கு முழுசா வரல. கையில பலம் கம்மியா இருக்குறவங்க, மூட்டுவலி இருக்குறவங்க இதைப் போட்டு அவஸ்தைப்படக் கூடாது. அதுக்குத் தீர்வு வேற துப்பாக்கி, ஸ்ப்ரிங்கை வெட்டுறது இல்ல. ஆமா, வெட்டுறவங்களும் இருக்காங்க, கம்பியை ஒரு சுத்து வெட்டிட்டு "ஃப்ரீ ட்ரிகர் ஜாப்"ம்பாங்க, அடுத்த பெரிய சைஸ் கே ஃப்ரேம்ல மெயின் ஸ்ப்ரிங்கை இறுக்கிப் பிடிக்கிற ஸ்ட்ரெய்ன் ஸ்க்ரூவை ரெண்டு சுத்து லூஸ் பண்ணிட்டு லைட்டாயிருச்சும்பாங்க. ரேஞ்சுல யாராவது அப்படிச் சொன்னா நான் அந்த லேன்ல இருந்து தள்ளியே நின்னுக்குவேன்.

இவ்வளவு புகழ்ந்துட்டு இப்போ நண்பருக்கு என்ன சொல்லப்போறேன்னா, 642 வாங்காதீங்க. ஆமா. முதல் துப்பாக்கின்னா ரூகர் எல்சிஆர் ஒரு தடவை இழுத்துப் பாருங்க, 2009ல வந்தது, பாதி உடம்பு பிளாஸ்டிக், பாக்க எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, டார்ச் லைட் கம்பெனிக்காரன் டிசைன் பண்ணினானான்னு தோணும். ஆனா அவங்க உள்ள கேம் வடிவத்தை மாத்தி உராய்வைக் கொறைச்சுத்தான் ட்ரிகரை லேசா தெரிய வெச்சிருக்காங்க, பெட்டியில இருந்து எடுத்து அப்படியே நேரா ரேஞ்சுக்குப் போகலாம், யார்கிட்டயும் குடுத்துத் திறக்க வேண்டாம். புத்தி அதைத்தான் சொல்லுது. என் பாக்கெட்ல மட்டும் 642தான் இருக்கும், ஏன்னு கேட்டா பதில் கிடையாது, கை பழகிருச்சு.

இல்ல பாஸ், எனக்கு அந்த செகண்ட் ஹேண்டுதான் வேணும்னா, கடைக்காரர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, கழட்டின ஒரிஜினல் ஸ்ப்ரிங் எங்கன்னு. கையில இருந்தா வாங்கி, துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடியே மாட்டச் சொல்லுங்க. இல்லன்னா ட்ரிகர் ஜாப்னு சொல்லி ஏத்தி வெச்சிருக்குற காசைக் கழிச்சுட்டு, அதுக்கு மேல கன்ஸ்மித் கூலியையும் கழிச்சுட்டு ரேட் பேசுங்க, மூஞ்சி சுளிப்பார், சுளிக்கட்டும். என் துப்பாக்கியில இருந்து கழட்டின அந்த லைட் ஸ்ப்ரிங் ரெண்டும் ஜிப்லாக் கவர்ல மேஜை டிராயர்ல கெடக்கு, ரேஞ்சுல மட்டும் சுடுறதுக்கு யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, சும்மாவே தர்றேன், போஸ்டேஜ் மட்டும் உங்களோடது.