ஆபீஸ் கார் பந்தயக் கார் ஆன கதை: ஒரு மியாட்டாவோடு ஏழு வருஷம்

வாங்கியபோது இது தினமும் ஆபீஸுக்குப் போய் வந்த கார். இப்போது டிரெய்லரில் ஏறித்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறது. நம்பர் பிளேட் ஷெட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. இப்படி ஆக்க வேண்டும் என்று நான் திட்டம் போடவே இல்லை. ஒவ்வொரு தடவை பார்சல் வரும்போதும் வீட்டம்மா “இதோட முடிஞ்சுதுல்ல?” என்று கேட்பாள். நானும் நிஜமாகவே நம்பித்தான் “முடிஞ்சுது” என்பேன்.

கார் 1994 மாடல் மஸ்தா எம்எக்ஸ்-5, அதாவது மியாட்டா. 1.8 லிட்டர் எஞ்சின், 128 குதிரைத்திறன், எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதலில் காட்டிய அந்தத் தலைமுறை. தூங்கி எழுவது போல ஹெட்லைட் மேலே வரும். இதை ஏன் எல்லோரும் டிராக்குக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அடியில் படுத்துப் பார்த்தால் புரியும். நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது மேலொன்று கீழொன்றாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அமைப்பு. கியர்பாக்ஸையும் பின் டிஃபரன்ஷியலையும் நீளமான ஒரு அலுமினியச் சட்டம் கட்டிப் பிடித்திருக்கிறது. முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய சரிபாதி. டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. அமெரிக்காவில் ‘ஸ்பெக் மியாட்டா’ என்று இந்தக் காருக்கே தனிப் பந்தயப் பிரிவு இருக்கிறது. அதில் ஓடும் கார்களின் எஞ்சின் ஏறக்குறைய கம்பெனி எஞ்சின்தான்.

நானும் எஞ்சின் பவரைக் கூட்ட இன்றுவரை எதுவும் செய்யவில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு, அதைப் பிறகு சொல்கிறேன். வெட்கக்கேடு.

முதல் டிராக் டேக்கு எண்ணெய் மட்டும் மாற்றிவிட்டுப் போனேன். டிராக் டே என்றால் பந்தயம் கிடையாது. அவரவர் காரை மூடிய சர்க்யூட்டில், ஒழுங்குமுறையோடு ஓட்டிப் பழகும் நாள். மூன்றாவது செஷனில், நீளமான நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தேன். ஈரப் பஞ்சில் கால் வைத்த மாதிரி பெடல் உள்ளே போனது. அவசரமாக இரண்டு தடவை பம்ப் பண்ணியதும் கொஞ்சம் பிடித்தது. ஆனால் அதற்குள் வளைவு வந்துவிட்டது. சரளைக்கல்லில் முழங்கால் ஆழத்துக்கு உழுதுவிட்டு நின்றேன். காரை இழுத்து வந்து போட்டதும், பக்கத்து ஷெட்டில் இருந்த பெரியவர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“தம்பி, பெடல் உள்ள போச்சா, இல்ல கல்லு மாதிரி நின்னும் பிடிக்கலையா?”

“உள்ள போச்சுண்ணே.”

“அப்ப ஃப்ளூயிட் கொதிச்சிருக்கு. கல்லு மாதிரி நின்னிருந்தா பேட் கருகியிருக்கும். கடைசியா ஃப்ளூயிட் எப்ப மாத்துன?”

மாற்றவே இல்லை. முந்தைய ஓனர் எப்போது மாற்றினார் என்பதும் தெரியாது. பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் திரவம்தான் பிரேக் ஃப்ளூயிட். அதில் டாட் 4 என்ற தரம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய பிறகு அதே டாட் 4-க்கு விதி கேட்பது 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நான் மிதித்தது அந்த ஆவியைத்தான்.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். என்னையும் சேர்த்து 1,100 கிலோ. மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு இறங்கினால், அந்த ஒரே பிரேக்கிங்கில் வெளியேற வேண்டிய சக்தி சுமார் 8 லட்சம் ஜூல். இரண்டேமுக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதுவும் லேப்புக்கு நாலைந்து தடவை. தெருவில் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் பிரேக்குக்கு இந்த வேலையைக் கொடுக்க முடியாது.

அதனால் என் காரில் மாறிய முதல் பொருள் ஒரு பாட்டில் ஃப்ளூயிட். 300 டிகிரிக்கு மேல் தாங்கும் பந்தய வகை. ஒவ்வொரு டிராக் டேக்கும் முன்னால் பிரேக்கை ப்ளீட் செய்வது, அதாவது குழாயிலிருந்து காற்றையும் பழைய ஃப்ளூயிடையும் வெளியேற்றுவது, இன்றுவரை பழக்கம். அடுத்து, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட், டிராக் வகை. அது சூடானால் அற்புதமாகப் பிடிக்கும். குளிர்ந்திருக்கும்போது காலை ஆபீஸ் வழியில் முதல் இரண்டு சிக்னலில் மனசு திக்கென்றிருக்கும். மூன்றாவது சிக்னலில் கிறீச்சென்று கத்தும், ரோட்டில் நிற்பவர் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். அதன் தூசு மழையில் நனைந்தால் வீலில் துருவாக ஒட்டிக்கொள்ளும், தேய்த்தாலும் போகாது. டிஸ்க் மட்டும் இன்னும் கம்பெனி அளவுதான், முன்னால் 255 மில்லிமீட்டர். பெரிய டிஸ்க் போடச் சொன்னார்கள். நான் பிரேக்கைக் குளிர்விக்கும் காற்றுக் குழாய் மட்டும் போட்டேன், போதுமாக இருக்கிறது.

இரண்டாவது வருஷம் டயர். கம்பெனி வீல் 14 இன்ச். அதைக் கழற்றி 15 இன்ச்சில் 205/50, டிரெட்வேர் 200 (சீக்கிரம் தேயும், நன்றாக ஒட்டும்) டயர் போட்டேன். லேப் டைமில் கண்ணுக்குத் தெரிந்த முதல் பாய்ச்சல் இதுதான். ஆனால் இந்த டயர் காற்றழுத்தத்தைப் பொறுத்து ஆளே மாறிவிடும். குளிரில் 26 பிஎஸ்ஐ வைத்துக் கிளம்பினால் 20 நிமிஷத்தில் 32-ஐத் தொடும். டயரின் தோள்பட்டையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு ஓட்டி வந்து பார்ப்பேன். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் உருண்டு படுத்திருக்கிறது, காற்று போதவில்லை என்று அர்த்தம். வீல் அலைன்மென்ட்டில் முன்னால் நெகட்டிவ் காம்பர் (சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்வது) 2.8 டிகிரி, பின்னால் 2.3, முன் டோ (சக்கரத்தின் மூக்கு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது) சுழியம். சல்லிக்காசு பாகம் வாங்காமல், இருக்கும் போல்ட்டுகளைத் திருப்பியே இவ்வளவு வித்தியாசம் கிடைக்கும் இடம் காரில் வேறு இல்லை.

மேற்கூரை இல்லாத கார் என்பதால் டிராக்கில் ரோல் பார், அதாவது சீட்டுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் இரும்புக் குழாய், கேட்டார்கள். நியாயம்தான், கவிழ்ந்தால் தலைதான் முதலில் தரையைத் தொடும். ரோல் பார் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். பரிசோதனைக்கு வந்தவர் ஒரு நீளக் குச்சியை ரோல் பாரின் உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு வைத்தார். ஹெல்மெட் அந்தக் கோட்டுக்குக் குறைந்தது 5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டுமாம். என் ஹெல்மெட் குச்சியைத் தூக்கிக்கொண்டு நின்றது. அன்று முழுக்க வெளியே நின்று மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் சீட்டைக் கழற்றி, உறையை உரித்து, உட்காரும் ஃபோமை ரம்பப்பல் கத்தியால் அறுத்தேன். மியாட்டாக்காரர்கள் எல்லோரும் செய்யும் அறுவை சிகிச்சைதான் இது. முதலில் இரண்டு விரல்கடை அறுத்து, உறையை மாட்டி, ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, வீட்டம்மாவைத் துடைப்பக் கட்டையைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன். போதவில்லை. மறுபடி அறுத்தேன். மூன்றாம் தடவை தலை இறங்கியது, ஆனால் ஃபோமுக்கு அடியிலிருந்த கம்பி தொடையில் குத்த ஆரம்பித்தது. அந்த சீட்டில் ஒரு வருஷம் ஆபீஸ் போனேன். என் இடது தொடையிடம் இன்றும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இனி தப்புகள். மலிவு விலை காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும், அதன் துள்ளலை அடக்கும் டேம்பரும் சேர்ந்தது) ஒன்று வாங்கி, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று காரை ஆன மட்டும் இறக்கினேன். மியாட்டாவின் சஸ்பென்ஷனுக்கு ஏறி இறங்க இடமே கொஞ்சம். அதையும் நான் தின்றுவிட்டதால் வளைவில் சாய்ந்தவுடன் டேம்பர் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பில் போய் முட்டும். அந்த நொடி ஸ்பிரிங் கட்டை போல ஆகிவிடும், டயர் பிடி விடும். ஒரு தடவை பின்பக்கம் அப்படி விட்டு, பயத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். இன்னும் மோசம். எடை முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் லேசாகி, இரண்டு சுற்று பம்பரம். பிறகு காரை உயர்த்தி, நல்ல டேம்பர் வாங்கி, எனக்குப் பதில் என் எடைக்கு மணல் மூட்டையை சீட்டில் வைத்து நாலு சக்கரத்தையும் தராசில் நிறுத்திச் சரிசெய்தேன். மூலைவிட்ட எடை (முன் இடதும் பின் வலதும் ஒரு ஜோடி, முன் வலதும் பின் இடதும் மறு ஜோடி) தலா 50 சதவீதம் வந்த பிறகு, இடது வளைவும் வலது வளைவும் ஒரே காரில் எடுப்பது போல இருந்தது. அதற்கு முன் இரண்டு வேறு கார்கள்.

அந்த வெட்கக்கேடு: பளபளக்கும் ஏர் இன்டேக் குழாய். ரேடியேட்டருக்குப் பின்னால் வரும் சூடான காற்றை உறிஞ்சி எஞ்சினுக்குக் கொடுத்தது. சத்தம் மட்டும் நன்றாக இருந்தது. கழற்றிவிட்டேன்.

நாலாவது வருஷம் கோடை மதியம். டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவில் ஆணி அடித்தாற்போல நின்றது. அந்த முள்ளை நம்பாதீர்கள். கூலன்ட் பத்திருபது டிகிரி கூடினாலும் அது நடுவிலேயேதான் நிற்கும். அது நகரும்போது காரியம் கெட்டிருக்கும். எனக்கும் அப்படித்தான். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலைத்தொட்டி கறுப்பிலிருந்து பழுப்பாக மாறியிருந்ததைப் பல மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வயசாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். வெடித்தது. எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கட்டும் போனது.

பிரித்தபோது மெக்கானிக் ஒன்று சொன்னார். இந்த எஞ்சின் குடும்பம் முதலில் முன்சக்கர ஓட்டக் கார்களுக்காக வந்தது. அங்கே தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். மியாட்டாவில் எஞ்சினை நெடுக்காகத் திருப்பி வைத்தபோது வெளியேறும் வழியையும் முன்பக்கமே கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் கடைசி மூலையில் இருக்கும் நாலாவது சிலிண்டருக்கு ஓட்டம் குறைவு, சூடு அதிகம். தெருவில் இது பெரிய விஷயமில்லை. முழு வேகத்தில் 20 நிமிஷம் ஓட்டினால் தெரியும். இப்போது வெளியேறும் வழியை மறுபடி பின்னால் மாற்றி, அலுமினிய ரேடியேட்டர் போட்டிருக்கிறேன். ஆனால் அதிகம் உதவியது, ரேடியேட்டரைச் சுற்றியிருந்த இடைவெளிகளை ஃபோம் பட்டையால் அடைத்ததுதான். காற்று சுற்றிப் போக வழியில்லாமல் ஊடே போகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் அது தெருக் காராகத்தான் இருந்தது. கத்தும், குலுக்கும், குத்தும். ஆனாலும் ஆபீஸ் போகும். அது நின்ற நாள் எனக்குத் தெரியும்: ரோல் கேஜ், அதாவது ஓட்டுபவரைச் சுற்றிய இரும்புக் குழாய்க் கூண்டு, வெல்டிங் செய்து முடித்த நாள்.

அதற்கு வழி காட்டியது சீட் பெல்ட். அமெச்சூர் பந்தயத்துக்குப் போக ஆசை வந்தது. அதற்குப் பக்கெட் சீட்டும் ஆறு பட்டை ஹார்னஸும் வேண்டும். ஹார்னஸ் உடம்பை சீட்டோடு கட்டிப்போடும், தலையை யாரும் கட்டவில்லை. மோதலில் உடம்பு நிற்க, ஹெல்மெட்டின் கனத்தோடு தலை மட்டும் முன்னால் பறக்கும், மண்டையோட்டின் அடிப்பகுதி முறியும். இதைத் தடுக்கத்தான் தோளில் மாட்டும் ஹான்ஸ் கருவி. ராபர்ட் ஹப்பர்ட் என்ற பேராசிரியரும் அவர் மைத்துனர் ஜிம் டவுனிங்கும் உருவாக்கியது. டவுனிங் மஸ்தா கார்களை ஓட்டிய பந்தய வீரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் குடும்பப் பெருமை. ஃபார்முலா ஒன்னில் 2003-ல் இதைக் கட்டாயமாக்கினார்கள். ஆக ஹார்னஸ் வாங்கினால் ஹான்ஸ், ஹான்ஸுக்கு ஏற்ற சீட், அதற்கு மேல் கேஜ். ஒன்றின் வாலைப் பிடித்து இன்னொன்று வந்தது.

கேஜின் குழாய் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் ஓடுகிறது. ஹெல்மெட் போட்டிருந்தால் அது காப்பாற்றும். ஹெல்மெட் இல்லாமல் தெருவில் போகும்போது பின்னால் ஒருவன் லேசாக முட்டினாலே மண்டை போய் அந்த இரும்பில் இடிக்கும். மேலே சுற்றும் ஃபோம் வெறும் தலைக்குப் போதாது. வெல்டிங் முடிந்து காரை வீட்டுக்கு ஓட்டிவந்த அந்த ஒரு பயணம் முழுக்கக் கழுத்தை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் நம்பர் பிளேட்டைக் கழற்றினேன். வீட்டம்மா இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

யாராவது கேட்டால் சொல்வேன்: பிரேக், டயர், ரோல் பார், நல்ல சீட் வரை போய் அங்கேயே சில வருஷம் இருங்கள். அந்தப் பணத்தில் ஒரு பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். என்னோடு இரண்டு செஷன் உட்கார்ந்தவர் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “பிரேக்கைப் பட்டுன்னு விடாதீங்க, முட்டையை வைக்கிற மாதிரி விடுங்க” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஏ.சி., ஸ்பேர் வீல், கார்பெட் எல்லாம் கழற்றி நான் மிச்சம் பிடித்த நேரத்தைவிட அந்த ஒரு வாக்கியம் அதிகம் கொடுத்தது.

டிராக் டேயும் பந்தயமும் வேறு வேறு என்பது முதல் பந்தயத்தின் முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. அதுவரை என் கோடு என்று ஒன்று இருந்தது. அங்கே அதில் இன்னொருவர் இருந்தார். பின்னாலிருந்து மூன்றாவதாக முடித்தேன், கதவில் ஒரு கறுப்பு டயர் வட்டத்தோடு. அதை இன்னும் துடைக்கவில்லை.

போன தடவை வலது வளைவுகளில் மட்டும் முன் இடது பக்கமிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் வந்தது. இடது பக்கம் திரும்பினால் நின்றுவிடுகிறது. ஒட்டும் டயருக்கு இந்தக் காரின் முன் ஹப் பேரிங் (சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்) தாங்குவதில்லை, இது எனக்கு மூன்றாவது. ஜாக் போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் இன்னும் ஆட்டம் தெரியவில்லை. ஆனாலும் புது ஹப் வந்து மேஜை மேல் இருக்கிறது. சனிக்கிழமை மாட்டி, வீல் நட்டை 110 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, முதல் செஷன் முடிந்ததும் மறுபடி ஒரு தடவை முறுக்கிப் பார்க்க வேண்டும்.