புது மெம்பிரேன் போட்டாச்சு, அந்தக் கழிவுக் குழாய் மேல் கோபம் மட்டும் அப்படியே இருக்கு

போன வாரம் வீட்டில் குடிதண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெஷினுக்குப் புது மெம்பிரேன், அதாவது உப்பைப் பிரிக்கும் சவ்வு, போட்டேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 150-ஐத் தாண்டி நின்றுகொண்டிருந்த எண் 40-க்கு இறங்கிவிட்டது, டேங்க் நிறையும் வேகமும் கூடிவிட்டது. இதைச் சொன்னதும் ஒரு நண்பன், "அப்ப நானும் ஒரு மெஷின் வாங்கிப் போட்டுடவாடா?" என்று கேட்டான். வாட்ஸ்அப்பில் அவனுக்குத் தட்ட ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே கொட்டுகிறேன். எத்தனை கட்டம், எத்தனை லிட்டர் டேங்க், யூவி (கிருமியைக் கொல்லும் புறஊதா விளக்கு) இருக்கா இல்லையா என்பதெல்லாம் டப்பா மேலேயே போட்டிருக்கும், அதை விடுங்கள். வருஷக்கணக்காக இதோடு குடித்தனம் நடத்துகிறவனாக எனக்குச் சொல்ல இருப்பது முக்கியமாக ஒரே சமாச்சாரம்தான்: மெஷினுக்குப் பின்னாலிருந்து சிங்க்கில் போய் விழும் அந்தச் சின்னக் குழாய்.

மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் அதுவும் ஓடும். டேங்க்கில் ஒரு லிட்டர் சேர்வதற்குள் மூன்று லிட்டர் அது வழியாகப் போயிருக்கும். ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் அதன் கீழே பக்கெட் வைத்து மீட்டரை விட்டுப் பார்த்தேன். உள்ளே போகும் போர் தண்ணீர் 900. டேங்க்குக்கு வருவது 40. அப்போ கழிவு எவ்வளவு இருக்க வேண்டும்? நாலு லிட்டர் உள்ளே போனால் கூடவே போகிற உப்பு 3600 மில்லிகிராம். நல்ல தண்ணீரில் போனது 40. மீதி 3560 மூன்று லிட்டரில் இருந்தாக வேண்டும், அதாவது லிட்டருக்குச் சுமார் 1190. மீட்டர் காட்டியதும் கிட்டத்தட்ட அதுதான். கணக்கு இப்படி நேராக விழுந்ததில் ஒரு நிமிஷம் கோபமே மறந்துபோனது. விளம்பரத்தில் உப்பை 'நீக்குகிறோம்' என்கிறார்கள், ஆனால் ஒரு மில்லிகிராம்கூட எங்கேயும் மாயமாகப் போகவில்லை. ஒரு கரைசலை இரண்டு கரைசலாகப் பிரித்து, நீர்த்ததை எனக்கும் அடர்த்தியானதைச் சாக்கடைக்கும் கொடுக்கிறது, அவ்வளவுதான் இந்த மெஷின்.

சரி, அப்படியென்றால் மூன்று லிட்டருக்குப் பதில் ஒரு லிட்டரிலேயே அந்த உப்பையெல்லாம் திரட்டி அனுப்பக் கூடாதா? எனக்கும் அதே கேள்விதான். நாலில் மூன்றை நல்ல தண்ணீராக எடுத்துவிட்டால், மிஞ்சும் ஒரு லிட்டரில் 3500-க்குப் பக்கத்தில் உப்பு நிற்கும். சாதாரணச் சமையல் உப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை, லிட்டருக்கு 350 கிராம் வரை கரையக்கூடிய ஆள் அது. வில்லன் கால்சியம். கால்சியம் கார்பனேட் கரைவதே கொஞ்சம்தான், அந்த எல்லையைத் தாண்டினால் கரைசலை விட்டு வெளியே வந்து கல்லாகப் படியும், படிவதற்கு மெம்பிரேனைவிட வசதியான இடம் கிடையாது. அதிலும் மெம்பிரேனின் பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் அடர்த்தி மற்ற இடத்தைவிட இன்னும் அதிகம், ஏனென்றால் தண்ணீர் அங்கேதான் உள்ளே போகிறது, உப்பு அங்கேதான் நின்றுவிடுகிறது. அந்த அடுக்கைக் கழுவித் தள்ளிக்கொண்டே இருப்பதுதான் வீணாகப் போவதாக நான் திட்டிக்கொண்டிருக்கிற அந்த மூன்று லிட்டர். தெரிந்த ஒருவர் வீட்டில் கழிவைக் குறைக்கிறேன் என்று வேறு ரெஸ்ட்ரிக்டர் (கழிவின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்னத் துண்டு) போட்டு இறுக்கிவிட்டார்கள். மெம்பிரேன் சீக்கிரமே அடைத்துக்கொண்டது. கழிவின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடுகிற, படிவதைத் தடுக்க ஒரு கார்ட்ரிட்ஜ் வைத்த புது மாடல்களும் இருக்கின்றன, ஆனால் கடினத் தண்ணீரில் அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு.

இதையெல்லாம் காதால் கேட்டால் நம்பிக்கை வராது, அதனால் கழற்றிய பழைய மெம்பிரேனைத் தூக்கிப் போடாமல் வாங்கி வைத்துக்கொண்டு கத்தியால் நீளவாக்கில் கிழித்தேன். பாயைச் சுருட்டி வைத்த மாதிரி இருக்கிறது. நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு குழாய், அதைச் சுற்றி மெம்பிரேன் தாள், ஒரு பிளாஸ்டிக் வலை, மறுபடி தாள், மெல்லிய துணி. தண்ணீர் நுழையும் முனையில் பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. கழிவு வெளியேறும் முனைக்கு நகர நகரப் பழுப்பு குறைந்து, விரலில் நறநறவென்று படும் வெள்ளைப் பொருக்கு. இது தற்செயல் இல்லை. போகப் போகத் தண்ணீர் பிரிந்து பிரிந்து உப்பு அடர்த்தியாவதால் கடைசி முனைதான் முதலில் கல் பிடிக்கும். அதன் மேல் வினிகர் விட்டேன், நுரைத்துக்கொண்டு கரைந்தது, கார்பனேட் என்பதற்கு அடையாளம். கொஞ்சம் மட்டும் எதற்கும் அசையாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, சல்பேட்டாகவோ சிலிக்காவாகவோ இருக்கலாம்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இதைத் திட்ட மனசு வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். உண்மையில் பிரிக்கிற வேலையைச் செய்யும் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் படலம் மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு போல இருக்கும், கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அதைத் தாங்குகிற அடுக்குகள்தான். இது சல்லடை வேலையும் இல்லை. மண்ணும் தூசும் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருப்பவை, அவற்றை முதல் கார்ட்ரிட்ஜே பிடித்துவிடும். கரைந்த உப்பு மின்னேற்றம் கொண்ட அயனி அயனியாகப் பிரிந்து தண்ணீர் மூலக்கூறுகளுக்கு நடுவே கிடக்கிறது, அதை எந்த வடிகட்டியும் பிடிக்காது. தண்ணீர் அந்தப் படலத்துக்குள் கரைந்து ஊடுருவி மறுபக்கம் வருகிறது, உப்பு அவ்வளவு எளிதாக வர முடிவதில்லை என்பதுதான் நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். சும்மா விட்டால் தண்ணீர் உப்பு அதிகமான பக்கத்துக்குத்தான் போகும், தண்ணீர் இப்படிச் சவ்வு வழியாகத் தானாகப் போவதை 1748-லேயே பிரெஞ்சுக்காரர் நொல்லே பன்றியின் சிறுநீர்ப்பையையும் ஆல்கஹாலையும் வைத்துப் பார்த்துவிட்டார். அதைத் திருப்பி ஓட்ட அழுத்தம் வேண்டும். கடல் தண்ணீர் என்றால் சுமார் 27 பாரைத் (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம்) தாண்டினால்தான் ஒரு சொட்டாவது வரும், என் போர் தண்ணீருக்கு ஒரு பாருக்கும் குறைவு, அதனால்தான் ஒரு சின்ன பூஸ்டர் பம்ப்பே போதுமாக இருக்கிறது. 1960 வாக்கில் லோப், சௌரிராஜன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் மேலே மெல்லிய தோலும் கீழே துளைகள் நிறைந்த தடித்த பகுதியுமாக ஒரு சவ்வைச் செய்து காட்டும் வரை, இந்த முறையில் குடிக்கிற அளவுக்குத் தண்ணீர் எடுப்பது நடக்காத காரியமாக இருந்தது. 1965-ல் அங்கேயே கோலிங்கா என்ற ஊருக்கு அந்த முறையில் குடிநீர் போயிருக்கிறது. இப்போது நாம் போடும் பாலிஅமைடு வகை அதற்கும் பிறகு ஜான் கடாட் என்ற அமெரிக்க வேதியியலாளர் கொண்டுவந்தது. ஒரே குறை, குளோரின் பட்டால் அது கெட்டுப்போகும். அதனால்தான் முன்னால் கார்பன் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது, அதை மாற்றச் சோம்பல்படுகிறவர்கள் மெம்பிரேனுக்குச் சேர்த்து அழுவார்கள்.

உப்பைத் தண்ணீரில் போட்டால் தானாகக் கரைந்துகொள்ளும், யாரும் கூலி கேட்க மாட்டார்கள். திரும்பப் பிரிக்கும்போதுதான் கூலி. காய்ச்சி வடித்தால் ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்ட 0.7 யூனிட் மின்சாரம் போகும், ஆவியாக்கவே அவ்வளவு வெப்பம் வேண்டும். இந்த மெஷின் ஒரே யூனிட்டில் சில நூறு லிட்டர் தருகிறது. மின்சாரத்தில் மிச்சப்படுத்தியதைத் தண்ணீராக வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், ஆனாலும் சிங்க்கில் அந்தச் சத்தம் கேட்கும்போது இந்த நியாயமெல்லாம் ஞாபகத்துக்கு வருவதில்லை.

எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் மீட்டர். பேனா மாதிரி இருக்கும் அந்தச் சாமானை வைத்துக்கொண்டு நான் விளையாடாத நாள் குறைவு. ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து மீட்டரை விடுங்கள், எண் அசையாது. இன்னொரு டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பு, எண் ஆயிரக்கணக்கில் ஏறும். மீட்டர் அளப்பது கரைந்திருக்கும் பொருளின் எடையை இல்லை, தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை. அதை ஓர் எண்ணால் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டுகிறது. சர்க்கரை முழு மூலக்கூறாகவே கரைவதால் மின்சாரத்துக்கு அது கண்ணிலேயே படாது. மண் கலங்கிய தண்ணீரையும் அப்படித்தான் இது கண்டுகொள்ளாது. அதற்கு மொபைல் டார்ச்தான் சரி: உப்புக் கரைசலில் ஒளி போகும் பாதை தெரியாது, கலங்கல் தண்ணீரில் கோடு போட்ட மாதிரி தெரியும்.

விளையாட்டுக்கு இது சரி, தண்ணீர் நல்லதா என்று முடிவு செய்ய இது போதாது. ஆர்செனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மீட்டரின் கடைசி இலக்கமே ஒரு மில்லிகிராம். கிருமியும் அதில் தெரியாது. சர்வீஸுக்கு வருகிறவர்கள் இந்தப் பேனாவை நீட்டி "பாருங்க சார், எவ்வளவு சுத்தம்" என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

சிரிப்பு வராத இடம் ஒன்று உண்டு. பல மெஷின்களில் 'டிடிஎஸ் கன்ட்ரோலர்' என்று ஒரு திருகு இருக்கும். அது செய்வது என்ன தெரியுமா, மெம்பிரேனுக்குப் போகாத தண்ணீரைப் பக்கவழியாகக் கொண்டுவந்து நல்ல தண்ணீரோடு கலப்பது! மூன்று லிட்டரைக் கொட்டி ஒரு லிட்டரைப் பிரித்தெடுத்து, அதில் பழையதையே மறுபடி ஊற்றுவது. ரொம்ப நீர்த்த தண்ணீர் சப்பென்று இருக்கும், ருசிக்காகக் கொஞ்சம் கலக்கிறோம் என்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஃபுளோரைடோ நைட்ரேட்டோ இருக்கிற தண்ணீர் என்றால் எதற்காக மெஷின் வாங்கினோமோ அதுவே திருகு வழியாக டம்ளருக்கு வந்துவிடும். என் மெஷினை மாட்டிவிட்டுப் போனவர் அதை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எண் ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்டதற்கு "மினரல் சார்" என்றார்.

அப்புறம் இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. மெஷின் சும்மா நிற்கும்போது இரண்டு பக்கத்துக்கும் இடையில் உப்பு மெல்லப் பரவிக்கொண்டே இருக்கும், அதனால் மறுபடி ஓட ஆரம்பித்ததும் முதலில் வரும் கொஞ்சம் தண்ணீரில் எண் எகிறியிருக்கும். டம்ளர் டம்ளராக எடுத்து, ஒவ்வொரு தடவையும் மெஷின் சில நிமிஷம் ஓடி நின்றால், டேங்க்கில் சேர்வதெல்லாம் இந்த முதல் தண்ணீர்தான். டேங்க் நன்றாக இறங்கிய பிறகு ஒரேயடியாக நிரப்பினால் எண் கீழேயே நிற்கிறது. குளிர்காலத்தில் மெதுவாக நிரம்பினால் சர்வீஸுக்குக் கூப்பிடாதீர்கள், தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் மூன்று சதவீதம் போல வரத்து குறையும்.

கழிவுத் தண்ணீரை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். தொட்டிச் செடிக்கு வேண்டாம், செடி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உப்பை மண்ணிலேயே விட்டுவிடும். நான் பக்கெட்டில்தான் பிடிக்கிறேன், பக்கெட் நிரம்பி வழியும்போது மெஷினோடு சண்டையும் போடுகிறேன்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. உன் வீட்டுத் தண்ணீர் 250 காட்டுகிறது என்றாய், 600-க்குக் கீழே இருந்தால் குடிக்க நன்றாகவே இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. கிருமி பயம் என்றால் கொதிக்க வை, இல்லையென்றால் வெறும் யூவி போதும், தண்ணீர் மட்டும் கலங்காமல் இருக்க வேண்டும். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் இன்றைக்கு இரண்டு. என் வீட்டில் இது ரிப்பேர் ஆனால் மறுநாளே இன்னொன்று வாங்கிவிடுவேன், 900-ஐக் குடிக்க என்னால் முடியாது, அது வேறு கதை. நான் சொன்னதை மீறி நீ வாங்கத்தான் போகிறாய் என்றால், முதலில் ஒரு லேபில் ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக், கடினத்தன்மை நாலையும் பார்த்துவிடு, மெஷினை மாட்ட வருகிறவர் கிளம்பும் முன் அந்தத் திருகு எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டச் சொல்.