அறுபத்தொரு டின் பெல்லட்: ஏர் ரைஃபிளோடு ஆறு வருஷம்

வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தியபோது, அதன் தலையில் அடுக்கியிருந்த காலி டின்களை இறக்கி எண்ணிப் பார்த்தேன். அறுபத்தொன்று. ஒரு டின்னுக்கு 500 பெல்லட், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிளில் போடுகிற குட்டி ஈயக் குண்டு. ஆறு வருஷத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் சுட்டுத் தள்ளியிருக்கிறேன். முதலில் வாங்கிய துப்பாக்கியின் விலையைப் போலப் பல மடங்கு அந்தத் தகரத்துக்குள் போயிருக்கிறது. ஆனால் என்னிடம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் "எந்த கன் சார் வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எந்த பெல்லட் என்று இதுவரை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

அதற்கு முன்னால் லைசென்ஸ். சொந்தக்காரர்கள் வந்தால் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வந்துவிடும் கேள்வி இது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமலும், பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாமலும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. இரண்டில் ஒன்று மீறினாலும் தேவை. பத்து மீட்டர் போட்டி ரைஃபிள் சுமார் 0.53 கிராம் பெல்லட்டை வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் தள்ளும். கணக்குப் போட்டால் ஏழரை ஜூல் சொச்சம். எல்லையில் பாதிகூட இல்லை. ஆனால் 0.22 குழல் உள்ளது ஏர் கன்னாகவே இருந்தாலும் லைசென்ஸ் வேண்டும். "காத்துதானே சார்" என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

வெடிமருந்துத் துப்பாக்கி என்றால் கதை வேறு. பட்டாளமும் போலீசும் வைத்திருக்கிற 9 எம்எம், .303 மாதிரியானவை தடை செய்யப்பட்ட ரகம். அதற்கு டில்லி வரை போக வேண்டும். .32 ரிவால்வர், .315 ரைஃபிள், 12 போர், .22 எல்லாம் தடையில்லாத ரகம். சென்னைக்குள் போலீஸ் கமிஷனர், மற்ற மாவட்டங்களில் கலெக்டர் தருவார்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது, லைசென்ஸ் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாகக் கூடியது. போட்டிகளில் சுடுகிறவர்களுக்குத் தனிச் சலுகைகள் உண்டு. தோட்டா எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பதுகூட லைசென்ஸ் புத்தகத்திலேயே எழுதியிருக்கும். நினைத்தபோது கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கிவர முடியாது.

ஆரணிப் பக்கம் எங்கள் சித்தப்பாவிடம் ஒரு 12 போர் டபுள் பேரல் இருக்கிறது, தாத்தா காலத்தது. தேர்தல் அறிவித்த கையோடு ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். 2019, 2021, 2024 என்று அந்தத் துப்பாக்கி சித்தப்பாவைவிட அதிகமாக ஸ்டேஷனுக்குப் போய்வந்திருக்கிறது. "இத வெச்சுக் காவல் காக்குறதா, இதுக்கு நான் காவல் காக்குறதான்னு தெரியலடா" என்பார். எனக்கும் ஐம்பது மீட்டர் சுட ஒரு .22 வாங்கும் ஆசை ஒரு வருஷம் முழுக்க இருந்தது. படிவத்தை எடுத்து, பாதி நிரப்பி, அப்படியே வைத்துவிட்டேன். வாரத்துக்கு இரண்டு நாள், ஆபீஸ் முடிந்து ஒரு மணி நேரம் சுடுகிறவனுக்கு 0.177 தாராளம்.

சரி, பெல்லட்டுக்கு வருகிறேன். புதிதாக வருகிறவர்களுக்குக் கூர்முனை பெல்லட் மேல் ஒரு மோகம். தோட்டா மாதிரி இருக்கிறதே, நேராகப் போகும் என்று நினைப்பு. பத்து மீட்டரில் அது காகிதத்தைக் கிழிக்கும். ஓட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. தட்டைத் தலை பெல்லட் பேப்பர் பஞ்ச் போட்டதுபோல வட்டமாக வெட்டும். மார்க் போட அதுதான் லாயக்கு. ரைஃபிள் டார்கெட்டில் பத்தாம் எண் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, பேனா முனையால் வைத்ததுபோல. பெல்லட்டின் ஓரம் அதைத் தொட்டாலே பத்துதான். ஆக அந்த ஓரம் சுத்தமாக இருக்க வேண்டும்.

அடுத்தது தலையளவு, அதாவது பெல்லட் தலையின் விட்டம். நல்ல டின்களின் மேல் 4.49, 4.50, 4.51 என்று மில்லிமீட்டரில் ஒரு எண் இருக்கும். தலைமுடி கனத்தைவிடக் குறைவான வித்தியாசம். இதற்கெல்லாம் அலட்டிக்கொள்வது பெரிய ஆட்டக்காரர்கள் வேலை என்று முதல் இரண்டு வருஷம் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு வகை டின்னை வைத்துக்கொண்டு, மணல்மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாக ஐந்து தாள் சுட்டேன். மலிவு டின்னில் பத்தும் சேர்ந்து பதினான்கு மில்லிமீட்டருக்குப் பரவியது. அந்த டின்னைக் காகிதத்தில் கொட்டிப் பார்த்தால் இருபதுக்கு ஒன்று பாவாடை (பெல்லட்டின் அகன்ற பின்பக்கம்) நசுங்கியிருந்தது, அடியில் ஈயத்தூள். ஆர்டபிள்யூஎஸ் கம்பெனியின் ஆர்10 4.50-இல் எட்டரை. எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் 4.49-இல் ஒன்பதுக்குப் பக்கம். அதே ஃபினாலேயில் 4.50 எடுத்தபோது ஏழு! என் குழலுக்கு அதுதான் பொருத்தம். பக்கத்து லேனில் சுடுகிற தம்பிக்கு அதே மாடல் துப்பாக்கி, அவனுக்கு ஆர்10-தான் ஒட்டுகிறது. ஆகவே என் எண்ணைக் காப்பியடிக்க வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவு செய்யுங்கள்.

எடைபோட்டுப் பிரிக்கும் பைத்தியமும் கொஞ்ச நாள் பிடித்திருந்தது. நகைத் தராசு வாங்கி, இரவு பதினொரு மணிக்கு ஒவ்வொன்றாக வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல டின்னில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. தராசு இப்போது சமையலறையில் குங்குமப்பூ அளக்கிறது.

முதல் துப்பாக்கி உள்நாட்டு ஸ்பிரிங் ரகம், குழலை மடக்கி ஏற்றுவது. அதில் கற்றுக்கொண்டது நிறைய. இறுக்கிப் பிடித்தால் துள்ளி வழிமாறும், குழந்தையைத் தூக்குவதுபோல லேசாக ஏந்த வேண்டும். மடக்கிய நிலையில் விட்டு டீ குடிக்கப் போனால் ஸ்பிரிங் தளரும். பெல்லட் இல்லாமல் சுடக்கூடாது. உள்ளே எண்ணெய் விட்டால், அமுங்கும் காற்றின் சூட்டில் அது பற்றிக்கொண்டு படார் என்று சத்தமும் புகையும் வரும். வாங்கிய இரண்டாம் வாரமே எனக்கு வந்தது. மாடி வீட்டு மாமி இறங்கி வந்து, "கேஸ் சிலிண்டரா?" என்றார்.

2021-இல் செகண்ட் ஹேண்டில் ஒரு பிசிபி போட்டி ரைஃபிள் எடுத்தேன். அழுத்தக் காற்றுச் சிலிண்டரில் ஓடுவது, 200 பார் அழுத்தம் வரை நிரப்புவோம். துள்ளல் கிடையாது. சுட்டபின் குறிபார்க்கும் சைட்டில் பார்த்தால் டார்கெட் அப்படியே நிற்கும். அந்த மயக்கத்தில் ஒன்றைக் கவனிக்கத் தவறினேன். சிலிண்டரின் மேல் தயாரித்த மாதமும் வருஷமும் குத்தியிருக்கும், ஆயுள் பத்து வருஷம். விற்றவர் ட்ரிகரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார், இதைச் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்ததில் மிச்சம் பதினாலு மாதம். அது முடிந்ததும் நான் சுடப் போகும் ரேஞ்சில் காற்று நிரப்ப மாட்டேன் என்றார்கள், அது நியாயம்தான். புது சிலிண்டருக்கு இருபதாயிரத்துக்கு மேல் அழுதேன். பழையது வாங்கப் போகிறவர்கள் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள், பிறகு ட்ரிகரைத் தொடுங்கள்.

கொண்டுபோவது எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மெட்ரோவில் முயற்சி செய்ததே இல்லை. ஸ்கூட்டரில் குறுக்கே பெட்டி, பையில் பில் நகல், கிளப் அட்டை. ஒரு ராத்திரி கிண்டியில் நிறுத்தினார்கள்.

"என்னப்பா, கிடாரா?"

"இல்ல சார், ஏர் ரைஃபிள். ரேஞ்சுக்குப் போய்ட்டு வரேன்."

பெட்டியைத் திறக்கச் சொல்லி, பில்லைப் பார்த்துவிட்டு, "இதுல கொக்கு, புறா அடிக்கலாமா?" என்றார்.

"கூடாது சார், வனவிலங்குச் சட்டத்துல உள்ள போட்ருவாங்க."

"தெரியும். நீ என்ன சொல்றேன்னு பாத்தேன். போ."

2024-இல் பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கிய பிறகு ரேஞ்சில் குழந்தைகள் கூட்டம். அம்மா அப்பாக்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பெல்லட் முழுக்க ஈயம், சுட்ட கையோடு முறுக்கு தின்ன விடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் கேன்டீன்.

கடைசியாக, சென்னைக் காற்று. மெல்லிய எண்ணெய்த் துணியால் வாராவாரம் துடைக்காவிட்டால் கறுநீலப் பூச்சின் மேல் துரு முளைக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் மடிப்பாக்கத்தில் எங்கள் தரைத்தளத்தில் முழங்கால் தண்ணீர். துப்பாக்கிப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன், கட்டிலுக்கடியில் இருந்த ஆறு டின்னை மறந்தேன். தண்ணீர் வடிந்து திறந்தால் பெல்லட் எல்லாம் விபூதி பூசியதுபோல வெள்ளை. பிரித்து உலர்த்திப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்தப் பூச்சு குழலைக் கெடுக்கும், கைக்கும் நல்லதில்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒதுக்கினேன்.

அதைவிட வருத்தமானது போன வருஷ ஆயுத பூஜை. அம்மா வழக்கம்போல ஸ்கூட்டர், மிக்ஸி, லேப்டாப் என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்து குழலின் நடுவில் ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். சாமிக்கு வைத்ததை உடனே துடைக்க மனம் வரவில்லை. மூன்றாம் நாள் துடைத்தபோது, அடியில் கால் ரூபாய் அளவுக்கு ஒரு துருவட்டம். இன்றும் இருக்கிறது. இந்த வருஷம் துப்பாக்கியின் மரக்கட்டைப் பகுதியைத் திருப்பிக் காட்டி, "இங்க வைம்மா" என்றேன்.