ரிட்டர்ன் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு லேசருக்குப் போங்கள்

டிசம்பர் லீவுக்கு டொரன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்கள் சென்னைத் தோல் கிளினிக்குகளில் முதலில் கேட்பது விலை. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது: "நான் இத்தனை நாள்தான் இருப்பேன், இதற்குள் எது முடியும்?" பல இடங்களில் டாக்டருக்கு முன்னால் உங்களைப் பார்ப்பவர் கவுன்சிலர், அதாவது ஆலோசனை சொல்லும் ஊழியர். அவரிடம் பேக்கேஜ் அட்டை தயாராக இருக்கும். நீங்கள் ஃப்ளைட் ஏறும் தேதியை அவராகக் கேட்க மாட்டார்.

முடி நீக்கும் லேசர் மூன்று வார லீவில் முடியாது. வளரும் கட்டத்தில் இருக்கும் முடியின் வேரை மட்டும்தான் லேசர் சுடும். மற்றவை அப்போது உறக்கத்தில் இருக்கும். அதனால்தான் 6 முதல் 8 சிட்டிங். முகத்துக்கு 4 முதல் 6 வாரம், கை கால்களுக்கு 6 முதல் 8 வாரம் இடைவெளி. வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவருக்கு "8 சிட்டிங், 2 வருஷம் செல்லும்" என்ற பேக்கேஜ் வீண் செலவு. சிங்கப்பூர், கோலாலம்பூர்க்காரர்கள் நாலு மணி நேரத்தில் வந்துபோகலாம். அவர்களுக்கு அந்தக் கணக்கு சரிப்படும்.

நம் நிறத்துக்கு எந்த மெஷின் என்பது அடுத்த கேள்வி. 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் ஆழமாக இறங்கும், மேல்தோலின் நிறமியை அவ்வளவாகத் தொடாது. கருமையான தோலுக்கு அதுதான் பாதுகாப்பு. 810-ஐ ஒட்டிய டயோடு லேசர், நல்ல குளிரூட்டலோடு மாநிறத்துக்குச் சரி. 755 அலெக்சாண்ட்ரைட் வெளுத்த தோலுக்கானது. மாநிறத்தில் சுட்டுவிடும் வாய்ப்பு கூடுதல். ஐபிஎல் லேசரே அல்ல, பல அலைநீளங்கள் கலந்த பளிச்சொளி. "லேசர்" என்று மட்டும் பதில் வந்தால் மெஷினின் பெயரையும் அலைநீளத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

லேசருக்கு 4 வாரம் முன்பிருந்தே த்ரெடிங், வேக்ஸிங் கூடாது. வேரோடு பிடுங்கிவிட்டால் லேசர் எதைச் சுடும்? முந்தின நாள் ஷேவ் செய்துகொண்டு போனால் போதும். கனடாக் குளிரிலிருந்து நேராக வருவது ஒரு சௌகரியம், தோல் வெயில் படாமல் இருக்கும். மாமல்லபுரம், நீச்சல்குளம் என்று ஒரு வாரம் சுற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தால் அந்தச் சௌகரியம் போச்சு.

சிட்டிங்கில் கவனிக்க ஒன்று உண்டு. ரப்பர் பேண்டைச் சுண்டியது போன்ற வலி, முடி பொசுங்கும் வாடை, சில நிமிடத்தில் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் சிவந்த சிறு புடைப்பு. இவை சரியான அறிகுறிகள். முடி இல்லாத இடத்தில் தோல் சாம்பல் அல்லது வெள்ளையாக மாறினால் சூடு அதிகம். அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். சிறு இடத்தில் சுட்டுப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் வைத்த பிறகு 48 மணி நேரமாவது பொறுக்க வேண்டும், கருமை இன்னும் தாமதமாகவும் வரும். தாடை, கன்ன ஓரங்களில் லேசர் பட்ட பூனைமுடி தடித்து வளர்வதும் உண்டு. தெற்காசியப் பெண்களில், குறிப்பாக பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) உள்ளவர்களில், இது தெரிந்த விஷயம். அந்த இடத்தில் மெல்லிய முடிதான் இருக்கிறதென்றால் தொடாமல் விடுவது நல்லது.

மங்குக்கு, அதாவது முகத்தில் படரும் கருந்திட்டுக்கு, ஒரே லீவில் லேசர் வேண்டாம் என்பது எங்கள் கட்சி. வெயிலும் சூடும் பட்டால் திரும்பி வரும் வியாதி அது. நிறத்தைக் குறைக்கும் லேசர் டோனிங்கை அடிக்கடி செய்தால் வெள்ளைப் புள்ளிகளும் விழலாம். சன்ஸ்கிரீனும் டாக்டர் எழுதும் கிரீமும்தான் முதல் வைத்தியம். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் "வெள்ளையாக்கும்" கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சகஜம். அதைத் தடவிக்கொண்டிருக்கும் முகம் லேசருக்கு உகந்ததல்ல, டாக்டரிடம் மறைக்கவும் கூடாது.

முகச் சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் ஊசி லீவுக்குள் அடங்கும், வந்த முதல் வாரத்திலேயே போட்டுக்கொண்டால். 2 முதல் 4 நாளில் வேலை தொடங்கும், முழுப் பலன் 2 வாரத்தில், 3 முதல் 4 மாதம் நிற்கும். இரண்டாம் வார இறுதியில் ஒருமுறை காட்டி, ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்து அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு புதன்கிழமை ஊசி போட்டால் பலன் வந்திருக்காது, கன்றிய நீலம் மட்டும் போட்டோவில் விழும்.

விலையை "இடத்துக்கு இவ்வளவு" என்று சொன்னால் யூனிட் கணக்கைக் கேளுங்கள். புருவ நடுவுக்குப் போடாக்ஸின் அங்கீகரிக்கப்பட்ட அளவு 20 யூனிட்: 5 இடத்தில் 4 யூனிட் வீதம். 100 யூனிட் குப்பியில் 2.5 மில்லி சலைன் கலந்தால் 0.1 மில்லியில் 4 யூனிட். அதே குப்பியில் 5 மில்லி ஊற்றினால் அதே 0.1 மில்லியில் 2 யூனிட்தான். மருந்து போன வருஷம் பிடித்தது, இந்த வருஷம் பிடிக்கவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் இது. குப்பி ஃப்ரிட்ஜிலிருந்து வரட்டும், கண்முன்னே திறக்கட்டும். அதே வகையில் இன்னொரு பிராண்டான டிஸ்போர்ட்டின் யூனிட் வேறு கணக்கு, அதே இடத்துக்கு 50. இரண்டையும் ஒன்றுக்கொன்று ஒப்பிடக் கூடாது. ஊசி போட்ட 4 மணி நேரம் படுக்காதீர்கள், அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்; மருந்து இறங்கினால் இமை தொங்கலாம், அது சரியாவதற்குச் சில வாரம் ஆகும்.

குழியையும் சுருக்கத்தையும் நிரப்பும் ஜெல் ஊசியான ஃபில்லரில்தான் நிஜமான ஆபத்து. ஹையலூரானிக் அமில ஃபில்லர் ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்தால் தோல் வெளுக்கும், பிறகு வலைபோல் ஊதா படரும், வலி மிஞ்சும். "வீக்கம்தான், ஐஸ் வையுங்கள்" என்று போனில் சொல்வது அதற்குப் பதில் ஆகாது. கரைக்கும் மருந்து ஹையலூரானிடேஸ். ஊசி போடும் அறையிலேயே அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள். மூக்கும் புருவ நடுவும் கண்பார்வை போகும் அபாயம் அதிகமுள்ள இடங்கள். பார்வை மங்கினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கடைசி நாளில் ஃபில்லர் போட்டுக்கொண்டு பத்து மணி நேர விமானத்தில் ஏறுகிறவருக்கு இது எதுவும் கிடைக்காது.

ஊருக்கு வந்தால் பல்லும் பார்த்துவிடலாம் என்று ரூட் கனாலும் க்ளீனிங்கும் வைத்துக்கொள்வது நம் வழக்கம். பல் வேலையின்போது ரத்தத்தில் கலக்கும் கிருமி ஃபில்லரைச் சுற்றித் தங்கலாம் என்பதால் இரண்டுக்கும் நடுவில் 2 வாரம் விடச் சொல்வார்கள். மூன்று வாரத்துக்குள் இரண்டையும் அடக்கினால், ஃபில்லர் ஃப்ளைட்டுக்கு நெருக்கத்தில் போய் விழும். பல்லை முடித்துவிட்டு ஃபில்லரை அடுத்த தடவைக்குத் தள்ளிவிடுங்கள்.

குளூட்டாதயோன் டிரிப்புக்கு ஒரு வரி போதும்: தோலை வெளுக்கும் ஊசி எதற்கும் அமெரிக்க எஃப்டிஏ ஒப்புதல் தந்ததில்லை. எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசி போடப்போகிறவரிடம் இருப்பது எம்.டி. டிவிஎல், டிடிவிஎல், டிஎன்பி போன்ற தோல் மருத்துவப் பட்டமா, அல்லது இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பதிவெண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் சரிபார்க்கலாம். கிளம்பும் முன் இரண்டு காகிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, ஃபில்லர் பெட்டியிலிருக்கும் தயாரிப்புத் தொகுதி (batch) எண் ஸ்டிக்கர். மாதங்கள் கழித்துக் கட்டி தட்டினால், உள்ளே இருப்பது கரையும் ரகமா என்று அங்குள்ள டாக்டருக்கு அதை வைத்துத்தான் தெரியும். இன்னொன்று, லேசரின் அலைநீளம், ஜூல், பல்ஸ் அளவு, ஸ்பாட் அளவு. இங்கே ஒரு சிட்டிங் முடித்து மீதியை அங்கே தொடர்கிறவருக்கு அந்த நாலு எண்தான் தொடக்கம்.